ராஜாவுக்குப் பசியில்லை

“வாயைத் தொறடா ராஜா, ஒரே ஒரு வாய்,” என்று சாய்குமார் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

ராஜா ஒரு கண்ணால் அவனைப் பார்த்தது. இன்னொரு கண்ணால் வாசல்நிலையைப் பார்த்தது. இடுக்கி முனையில் துடித்துக்கொண்டிருந்த சுவர்க்கோழிப் பூச்சியை மட்டும் எந்தக் கண்ணாலும் பார்க்கவில்லை.

ராஜா, வந்தபோது முழுசாக வளராத பச்சோந்தி. ஏமன் நாட்டு ஜாதி. கனடாவுக்குக் குடிபோன அலுவலக நண்பன் கூண்டோடும் காகிதங்களோடும் கொடுத்துவிட்டுப் போனது. தலையில் கிரீடம்போல ஒரு மேடு இருந்ததால் அந்த நண்பன் வைத்த பெயர் ராஜா. வாய் திறந்தாலே களைத்துப்போகிற சாய்குமாருக்கு அதைப் பார்த்த அன்றே பிடித்துப்போயிற்று. பக்கத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்தால் ஒரு பொழுது முழுக்க இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். சத்தம் ஓயாத வில்லாபுரம் தெருவில் அப்படி ஒரு துணை கிடைப்பது லேசில்லை.

அதுவும் அந்த வீட்டில். அங்கே மாமியார் அலர்மேல்மங்கை இருந்தார். வீட்டுக்குள் சௌராஷ்டிர மொழியில் பேசுகிறவர், தெருவுக்கும் கேட்க வேண்டியதைத் தமிழில்தான் சொல்லுவார்.

“மாப்ள! மீன் வாசம்கூடப் படாத வீடு இது. சாமி இருக்குற கூரைக்குக் கீழ ஒரு உசிரு போகக் கூடாது. எதுன்னாலும் வாசப்படிக்கு அந்தப் பக்கம் வச்சுக்கங்க.”

அதனால் ராஜாவுக்குச் சாப்பாடு எப்போதும் வாசலில். ஏகாதசி வந்தால் ராஜாவுக்கும் விரதம். இவ்வளவு நாள் அதில் சிக்கல் இல்லை. இப்போது நாலைந்து நாளாக அது எதையும் தொடவில்லை. கூண்டின் தரையில் இறங்கி மூலைக்கு மூலை அலைந்துகொண்டிருந்தது.

“இன்னைக்கும் சாப்பிடலையா?” தமிழில்தான் கேட்டார் மாமியார். “அப்ப சாயங்காலமே யாருக்காவது குடுத்துருங்க. நம்ம வீட்டுல ஒரு ஜீவன் பட்டினி கெடந்து சாகக் கூடாது.”

“அத்தை, கொன்னு தின்னவும் கூடாது, தின்னாம சாகவும் கூடாதுன்னா அவன் என்னதான் செய்வான்?”

“அது உங்க பாடு.”

மனைவி ஹம்சவேணி போனிலிருந்து தலையைத் தூக்கினாள். “என்னங்க, வெயில் படணுமாம். வெளிய செடியில விட்டாத் தானா பசிக்குமாம்.”

மொட்டை மாடிக்குப் போனார்கள். செம்பருத்தித் தொட்டியில் விட்டதும் ராஜா கிளையில் ஏறவில்லை. விறுவிறுவென்று தண்டு வழியாகத் தரைக்கு இறங்கியது. தண்ணீர்த் தொட்டிமேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. பின்னாலேயே இன்னொன்று.

“குடை! குடையைக் கொண்டா!”

ஹம்சவேணி குடையை விரித்துக்கொண்டு, சாமி புறப்பாடுபோல ராஜாவுக்குப் பின்னால் நடந்தாள்.

“ஓடுற பூச்சியைப் பாத்தா வேட்டையாடத் தோணும்,” என்று சாய்குமாருக்கு ஒரு யோசனை வந்தது. ராஜாவின் இரண்டு கண்ணுக்கும் நடுவில் உள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சி கூடாது என்று பொறுக்கி எடுத்து, கேரட் கொடுத்து வளர்த்து, சுண்ணாம்புச் சத்துப் பொடி தூவி வைத்திருந்த சுவர்க்கோழிகள். ஒன்றை மட்டும் எடுக்கத்தான் டப்பாவின் மூடியைத் திறந்தான். அத்தனையும் துள்ளின.

பக்கத்து மாடிக்கும் இதற்கும் நடுவே முழங்கால் உயரச் சுவர்தான். அந்தப் பக்கம் முத்துமீனா பழைய வேட்டியை விரித்துக் கூழ் வத்தல் ஊற்றி வைத்திருந்தாள்.

“அய்யய்யோ! அம்புட்டு வத்தலும் போச்சே! என்னண்ணே இது, வானத்துல இருந்து கொட்டுது?”

“ஒண்ணும் பண்ணாதம்மா, நான் வாரேன்!”

அவன் சுவரைத் தாண்டுவதற்குள் அவள் மாடிப்படியில் கிடந்த கரப்பான் பூச்சி ஸ்ப்ரேயை எடுத்துவிட்டாள். புஸ்ஸென்று அடித்தாள். பாதிச் சுவர்க்கோழிகள் மருந்தில் குளித்துக்கொண்டு இந்தப் பக்கமே திரும்பிக் குதித்தன.

சாய்குமார் பாதிச் சுவரில் நின்று திரும்பினான். “அதைத் தின்னா ராஜா செத்துருவான்! புடிங்க, எல்லாத்தையும் புடிங்க!” காலையிலிருந்து சாப்பிடு சாப்பிடு என்று கெஞ்சியவன், “ராஜா, சாப்பிடாதடா, கும்பிடுறேன்!” என்று அலறினான்.

சத்தம் கேட்டு முத்துமீனாவின் கணவன் வீரணன் கொசு பேட்டோடு ஏறி வந்தான். துளசிக்குத் தண்ணீர் ஊற்றச் செம்போடு வந்த அலர்மேல்மங்கை கத்தினார்: “அடிக்காதீங்க! பாவம்! உசிரோட புடிங்க!” கத்தியதோடு நிற்காமல் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தண்ணீரைக் கொட்டிவிட்டுச் செம்பைக் கவிழ்த்து ஒரு சுவர்க்கோழியை மடக்கினார். “ஒண்ணு! மாப்ள, அங்க பாருங்க, பைப்புக்கிட்ட!” மாமியாரை இத்தனை உற்சாகமாக அவன் கல்யாணத்திலும் பார்த்ததில்லை.

அப்போதுதான் ஹம்சவேணி குடையைக் கீழே போட்டாள். “என்னங்க, ராஜாவைக் காணோம்!”

வத்தல் விரித்த வேட்டிக்கு அடியில் தேடினார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தேடினார்கள். கடைசியில் அலர்மேல்மங்கையின் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

“என் துளசி!”

துளசித் தொட்டியில் ராஜாவின் வால் மட்டும் வெளியே தெரிந்தது. உடம்பு மண்ணுக்குள் இருந்தது. பின்னங்காலால் மண்ணை வாரி வாரி வெளியே எறிந்துகொண்டிருந்தது. வேர் தெரியத் துளசி சாய்ந்து நின்றது.

“மருந்துப் பூச்சியைத் தின்னுட்டான்! வலிப்பு வந்து பிராண்டுறான்!” சாய்குமார் கையை நீட்டினான். ராஜா திரும்பி வாயைப் பிளந்து சீறியது. பச்சை உடம்பு கறுத்து மஞ்சள் புள்ளி புள்ளியாக ஆனது. “பாத்தீங்களா, நெறமே மாறிருச்சு!”

“அண்ணே, அதுக்கு அதான பொழப்பே,” என்றான் வீரணன். “இருங்க, எதுக்கும் நான் போயி ஆட்டோ கூட்டிட்டு வாரேன்.”

“யாரும் நகராதீங்க,” என்றார் அலர்மேல்மங்கை.

மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தொட்டியின் மேல் குனிந்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். குழியைப் பார்த்தார், ராஜாவின் உப்பிய வயிற்றைப் பார்த்தார்; சாய்குமாருக்குத் துளசி மட்டும்தான் தெரிந்தது. பூஜைத் துளசியைப் பிடுங்கிப் போட்டாயிற்று. இனிமேல் சாயங்காலம் வரைக்கும்கூடத் தவணை கிடைக்காது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

திறந்தபோது அவர் முந்தானையை விரித்துத் தொட்டிக்குக் குறுக்கே திரைபோலப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஆம்பளைங்க ரெண்டு பேரும் கீழ எறங்குங்க,” என்றார் கண்டிப்பாக. “ராஜாவுக்குப் பிரசவம் ஆகுது.”