கிளியரன்ஸ் அண்ணனும் கனடா போன சீர்ப்பெட்டியும்

புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து வெளிநாட்டுக்கு ஓர் ஊசி போனாலும் சரி, வெளிநாட்டிலிருந்து இங்கே ஓர் ஊசி வந்தாலும் சரி, அதற்கு முதல் அனுமதி கொடுக்கிறவர் திருக்கோகர்ணத்துக் கிளியரன்ஸ் அண்ணன்தான். மற்ற நாட்டு அரசாங்கங்கள் எல்லாம் அவருக்கு அப்புறம்தான் பெட்டியைப் பிரித்துப் பார்க்கும். இதை அவரே சொல்லிக்கொள்வார். நாங்களும் மறுத்ததில்லை. மறுத்தால் நம் பார்சலின் கதி என்னாவது?

அவருடைய நிஜப் பெயர் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள்கூட உறையில் ‘கிளியரன்ஸ் அண்ணன் குடும்பத்தார்’ என்றுதான் எழுதுவார்கள். வளைகுடாவில் ஒரு விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் பல வருடம் பெட்டி தூக்கிவிட்டு ஊர் திரும்பியவர், டவுன் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு கூரியர் ஏஜென்சி எடுத்து உட்கார்ந்தார். ஒரு தராசு, பழுப்பு நிற டேப், ஒரு பழைய கம்ப்யூட்டர், சுவரில் ஓர் உலகப் படம். அந்தப் படத்தில் நீங்கள் எந்த நாட்டைக் காட்டினாலும், அங்கே உள்ள மலை, ஆறு பற்றியெல்லாம் சொல்ல மாட்டார். அங்கே எவன் எதற்குக் காசு பிடுங்குவான் என்றுதான் ஆரம்பிப்பார்.

எனக்கு அவர் அறிமுகமானது ஒரு பேனாவால். நான் அப்போது அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மை ஊற்றி எழுதும் பேனா மேல் ஒரு கிறுக்கு உண்டு. ஜப்பானில் ஒரு கடையில் ஆன்லைனில் ஒன்றைப் பார்த்து ஆர்டர் போட்டேன். கடைசிப் பக்கத்தில் எப்படி அனுப்ப வேண்டும் என்று மூன்று வழி காட்டிக் கேட்டிருந்தான். ஆசை வெட்கம் அறியாது இல்லையா, இருப்பதிலேயே வேகமானதை அமுக்கிவிட்டேன். நாலாம் நாள் கிளியரன்ஸ் அண்ணனே பெட்டியோடு வாசலில் நின்றார். பெட்டியைக் கொடுக்கவில்லை. நான் கணக்கு வாத்தியாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பார்த்தால் அப்படித் தெரியவில்லையே என்று வருத்தப்பட்டார். பிறகு பில்லை என் முகத்துக்கு நேரே விரித்தார்.

“இது பேனா வெலை. இது கவர்மெண்டுக்கு டூட்டி, அது போகட்டும், ரோடு கீடு போடுவான். கடைசியா இருக்கு பாருங்க, இதான் பிரோக்கரேஜ். ஒங்களுக்குப் பதிலா கஸ்டம்ஸ்ல ஒருத்தன் காகிதத்த நீட்டிருக்கான், அதுக்குக் கூலி. பேனாவுல பாதி வெலை. தபால்ல வரச் சொல்லிருந்தா இது பேருக்குத்தான் இருக்கும். மூணு வாரம் ஆகும். மூணு வாரம் பென்சில்ல எழுத மாட்டீங்களா சார்?”

கவனியுங்கள், இவர் கூரியர் ஏஜெண்ட். கம்பெனி இவரை உட்கார வைத்திருப்பதே கூரியரில் அனுப்ப வைக்கத்தான். திருச்சியிலிருந்து மேனேஜர் ஒருவர் கடையைப் பார்வையிட வந்த அன்று, இவர் வரிசையில் நின்ற மூன்று பேரைத் தபாலாபீசுக்கு வழி சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். மேனேஜர் பொறுமையாகக் காரணம் கேட்டார். அவங்க சாமானுக்கு அவசரம் இல்லை, அதான் என்றார் இவர். இப்படிக் கடை நடத்தினால் விளங்குமா என்று மேனேஜர் கேட்டுவிட்டுப் போனார். விளங்கத்தான் செய்தது. தபாலாபீசுக்குத் துரத்தப்பட்டவர்கள் எல்லாரும் அவசரம் வந்தபோது இவரிடம்தான் வந்தார்கள்.

எந்த வழியில் அனுப்புவது என்பதை அவர் பஸ்ஸை வைத்து விளக்குவார். எக்ஸ்பிரஸ் என்பது பாயிண்ட் டு பாயிண்ட் பஸ், ஏறினால் இறங்குகிற இடம்தான், டிக்கெட் விலையைக் கேட்கக் கூடாது. எகானமி என்பது ரூட் பஸ், எல்லா ஊரிலும் நின்று டீ குடித்துவிட்டு வரும். தபால் நம்ம டவுன் பஸ், எப்போது வரும் என்று கேட்கக் கூடாது, வந்தால் ஏறிக்கொள்ள வேண்டும். இந்த விளக்கத்துக்குப் பிறகு எங்கள் ஊரில் ஆர்டர் போடுகிறவர்கள் பொத்தானை அமுக்கும் முன் செல்போனை அவரிடம் கொண்டுபோய்க் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அவர் சாமானைப் பார்க்கவே மாட்டார். நேரே கடைசிப் பக்கத்துக்குப் போய்ப் பொடி எழுத்தைச் சத்தமாக வாசிப்பார். டூட்டி சேர்த்த விலை என்று போட்டிருந்தால் முகம் மலரும். போடவில்லை என்றால் செல்போனை ஈரத் துணியைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுப்பார்.

அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். வளைகுடாவில் இருபது வருடம் இருந்து திரும்பியவர். அங்கே டீ வைத்துக் குடித்த அதே பிளாஸ்க்தான் வேண்டுமென்று அந்த ஊர்க் கடையிலேயே ஆன்லைனில் பிடித்திருந்தார். கிளியரன்ஸ் அண்ணன் படத்தைப் பெரிதாக்கி அடிப்பாகத்தைப் பார்த்தார். ஓசூரில் செய்தது என்று போட்டிருந்தது. “ஓசூர்ல பொறந்து, கப்பலேறிப் போயி, திரும்ப டூட்டி கட்டி, புரோக்கருக்கும் அழுது, அறந்தாங்கிக்கு வரணுமா? நீங்களே ஒரு தடவ வந்துட்டீங்க, போதாதா?” என்றார். வந்தவர் சிரித்துவிட்டார். ஆனாலும் ஏதோ சொந்தக்காரனைத் தொலைத்ததுபோல்தான் திரும்பிப் போனார்.

ஆர்டர் போட்ட பிறகாவது விடுவாரா என்றால் அதுவும் இல்லை. ஊரில் யார் பார்சல் எந்த நாட்டில் நிற்கிறது என்று அவருக்குத் தெரியும், கொஞ்ச நேரத்தில் ஊருக்கே தெரியும். ஸ்கூட்டரில் போகிறபோதே, “சார், ஒங்க பொட்டி ஜெர்மனியில தூங்குது” என்று கத்திவிட்டுப் போவார். நான் பேனாவோடு நிறுத்தவில்லை, மை, நிப் என்று வரவழைத்துக்கொண்டிருந்தேன் என்பது என் மனைவிக்குத் தெரிய வந்தது அப்படித்தான். ஒருமுறை ஒரு துக்க வீட்டில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். பெட்டி டெல்லிக்கு வந்துவிட்டது, ஆதார் கேட்கிறான், போனில் இருக்கிறதா என்று காதில் கேட்டார்.

இத்தனை வெறி எதற்கு என்று ஒருநாள் நானே கேட்டேன். வெளிநாட்டில் இருந்தபோது மகளின் மூன்றாவது பிறந்தநாளுக்கு ஒரு கவுன் வாங்கிக் கூரியரில் போட்டாராம். கொண்டுவந்தவன் வாசலில் நின்று டூட்டி, பிரோக்கரேஜ் என்று ஏதோ கேட்டிருக்கிறான். வீட்டில் அன்றைக்குக் கையில் காசில்லை. ஏமாற்றுகிறானோ என்ற பயம் வேறு. திருப்பி அனுப்பிவிட்டார்கள். கவுன் வளைகுடாவுக்கே போய்ச் சேர்ந்தது. அடுத்த லீவில் அவரே கையில் கொண்டு வந்தபோது பிள்ளையின் தோளுக்கு மேல் அது ஏறவில்லை. சொல்லிவிட்டு டேப்பை எடுத்து ஒட்டவேண்டிய இடத்தில் எல்லாம் இரண்டு சுற்று கூடுதலாக ஒட்டினார்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் செல்வி அக்கா ஜெயித்தார். அக்காவின் பெயரை மாற்றியிருக்கிறேன், காரணம் போகப் போகத் தெரியும்.

செல்வி அக்கா எங்கள் பின் தெருவில் ரவிக்கை தைக்கிறவர். கணவர் காலமான பிறகு ஒற்றைத் தையல் மிஷினை வைத்தே மகளைப் படிக்க வைத்து, கனடாவில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தில் கட்டிக் கொடுத்தார். மகளுக்கு அங்கே வளைகாப்பு. அக்கா போக விசா கேட்டார், கிடைக்கவில்லை. பட்டுச்சேலை, கண்ணாடி வளையல், அதிரசம், குங்குமச் சிமிழ் எல்லாம் சேர்த்து ஒரு பெட்டி கட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். வளைகாப்புக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அன்று கிளியரன்ஸ் அண்ணன் தபாலாபீசுக்குத் துரத்தவில்லை. நாள் குறித்துவிட்டதால் எக்ஸ்பிரஸ்தான் என்றார். சீர் கொண்டு போகிறவன் சம்பந்தி வீட்டு வாசலில் நின்று காசு கேட்டால் என்ன மரியாதை என்று சொல்லி, அந்த நாட்டு டூட்டியும் பிரோக்கரேஜும் இங்கேயே தன் ஏஜென்சி கணக்கில் விழும்படி போட்டு, அதற்கு உத்தேசமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டார். எல்லாம் சுமுகம்தான். சேலையின் விலை என்ன என்று கேட்கும்வரை.

நாற்பதாயிரம் என்றார் அக்கா. சேலையை விரலால் தொட்டுப் பார்த்தார் அண்ணன். பில் எங்கே என்றார். ஆறாயிரத்து எண்ணூறுக்கு மேல் போகாது என்றும் சொன்னார். அவர் கடையில் எல்லாரும் விலையைக் குறைத்துப் போடச் சொல்லித்தான் கெஞ்சுவார்கள். கூட்டிப் போடச் சொல்லி வந்தது உலகத்திலேயே அக்கா ஒருவர்தான் என்றார். எங்கள் பக்கத்தில் சீரை நாலு பேர் நடுவில் எண்ணித்தான் வைப்பார்கள், விலையையும் நாலு காதில் விழச் சொல்வார்கள். அப்படிச் சொல்கிற விலைக்கும் கடை விலைக்கும் உள்ள தூரத்தை யாரும் அளப்பதில்லை. அண்ணன் அசையவில்லை. குறைத்து எழுதினாலும் பொய், கூட்டி எழுதினாலும் பொய் என்று ஆறாயிரத்து எண்ணூறே போட்டார். அக்கா பேசாமல் போய்விட்டார். அவர் பேசாமல் போனதில்தான் சூது இருந்தது. நம் வழக்கப்படி நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய சீர்ப் பட்டியல் ஒன்று, பட்டுச்சேலை நாற்பதாயிரம் என்ற முதல் வரியோடு, சேலை மடிப்புக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.

ஏழாம் நாள் கனடாவிலிருந்து மெயில் வந்தது. அங்கே கஸ்டம்ஸில் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஆள் அந்த ஊரில் இல்லாமலா போவார்? வெளியே ஒரு விலை, உள்ளே ஒரு விலை. கடை பில் அனுப்புங்கள், அதுவரை பெட்டி நகராது என்று புரோக்கர் எழுதியிருந்தார். இங்கிலீஷில் பதில் எழுதுவதற்காக என்னைக் கூப்பிட்டிருந்தார் அண்ணன். இரண்டு பேருமாக அக்கா வீட்டுக்குப் போனோம்.

பில் இருக்கிறது என்றார் அக்கா. கொடுத்தால் மகளுக்கும் ஒரு காப்பி போகுமா என்று கேட்டார். பெறுகிறவர் பெயரில் வருகிற காகிதம் எல்லாம் அந்த வீட்டுக்கும் போகும் என்றார் அண்ணன், பொய் சொல்லத் தெரியாதவர்.

“அப்ப வேணாம் தம்பி. பொட்டி அங்கயே கெடக்கட்டும்.”

“அக்கா, இன்னும் அஞ்சு நாளுதான் இருக்கு. பில்லக் குடுத்தா நாளைக்கே விட்ருவான்.”

மிஷினை நிறுத்திவிட்டு அக்கா எங்களைப் பார்த்தார். “அந்தச் சபையில நான் நிக்க முடியாது. எனக்குப் பதிலா அந்தச் சேலதான் நிக்கப்போகுது. அது தலையக் குனிஞ்சு நிக்கக் கூடாது.”

திரும்பி வந்த கிளியரன்ஸ் அண்ணன் கடையில் உட்கார்ந்து சாயங்காலம் ஆறரை மணிவரை காத்திருந்தார், அங்கே அப்போதுதான் ஆபீஸ் திறக்கும். பிறகு என்னை எழுதச் சொன்னார். பில் அனுப்ப வழியில்லை. தாயார் எழுதிய பட்டியல் விலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு என்ன டூட்டியோ, என்ன பிரோக்கரேஜோ, முழுவதும் எங்கள் ஏஜென்சி கணக்கில் போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குக் கை நின்றுவிட்டது. அந்தத் தொகை அவர் கடைக்கு மூன்று மாத வாடகை வரும். “அண்ணே, அக்காகிட்ட இதக் கேக்கப் போறீங்களா?” என்றேன்.

“கேட்டா தருமா சார் அது? மிஷின வித்தாவது தரும். அதுக்குத்தான் கேக்கக் கூடாது. எழுதுங்க. கூடக் கட்டுனா எந்தக் கவர்மெண்டும் கோவிச்சுக்காது.”

பெட்டி வளைகாப்புக்கு முதல் நாள் போய்ச் சேர்ந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த டூட்டிக் காகிதத்தில் போட்டிருந்த சேலை விலையைச் சம்பந்தியம்மா டாலரில் வாசித்து, ரூபாயில் பெருக்கி, வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்களாம். மகள் அந்தச் சேலையோடு வீடியோவில் வந்தாளாம்.

இரண்டு நாள் கழித்து செல்வி அக்கா ஒரு டப்பா அதிரசத்தோடு கடைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். டப்பாவைத் தராசு மேலேயே வைத்தார்.

“பாத்தியா தம்பி, அந்த ஊரு ஆபீசரே நாப்பதாயிரந்தான்னு ஒத்துக்கிட்டான். இங்கிட்டு ஒனக்குத்தான் சேலை பாக்கத் தெரியல.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பிரோக்கரேஜ் வேண்டாமென்று ஊரையே தபாலாபீசுக்குத் துரத்திய மனிதர், ஒரு ரூபாய் தப்பாக எழுதாத மனிதர், தலையைச் சொறிந்துகொண்டார். “ஆமாக்கா. நாந்தான் தப்பா மதிப்புப் போட்டுட்டேன்” என்றார். என் பக்கம் திரும்பி, வாயைத் திறந்தால் தெரியும் என்று கண்ணாலேயே ஓர் அதட்டல். நான் ஓர் அதிரசத்தை எடுத்து வாயில் போட்டு மூடிக்கொண்டேன்.

அவர் ஒரு வாதத்தில் தோற்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். இப்போது நான் திருச்சியில் இருக்கிறேன். எப்போதாவது போனில் கூப்பிட்டு, எதையோ எக்ஸ்பிரஸில் வாங்கினேன் என்று வேண்டுமென்றே சொல்வேன். அரை மணி நேரம் திட்டுவார். ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன், அந்தக் குரல் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.