இருமினால் சிரிக்கும் சுவர்

சுவருக்கும் காது உண்டு என்பார்கள். அந்தப் பழைய ஊரில் சுவருக்கு வாயும் இருந்தது. பேசும், சிரிக்கும், அழும். ஆனால் கண்டவர் காதிலெல்லாம் விழாது. செவியார் என்பவர் காதில் மட்டும்தான் விழும். அதுவும் காணிக்கை தட்டில் விழுந்த பிறகுதான் விழும்.

விடிந்தால் போதும், செவியார் வீட்டு வாசலில் கூட்டம் அலைமோதும். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு செங்கல். வாங்கப்போகும் வீட்டிலிருந்து பெயர்த்தெடுத்தது. சிலர் சுவர்க் காரையைச் சுரண்டிச் சாப்பாட்டு டப்பாவில் கொண்டு வந்திருப்பார்கள். கடிகாரம் ரிப்பேர் செய்பவர் ஒருவர் ஜன்னலையே சட்டத்தோடு கழற்றித் தோளில் சுமந்து வந்துவிட்டார். வீடு இன்னும் அவருடையதாகவில்லை. ஜன்னல் ஆகிவிட்டது.

கூட்டத்துக்குக் காரணம் இருந்தது. நகரத்தில் வாடகை ஏறிக்கொண்டே போனது. பக்கத்திலிருந்த இந்தப் பழைய ஊரில் வீடுகள் மலிவு. தடித்த சுவர், உயர்ந்த கூரை, குறுகிய தெரு. பார்த்தால் மயங்காதவர் கிடையாது. ஆனால் கிழட்டு வீட்டின் வயிற்றுக்குள் என்ன நோய் இருக்கிறதென்று வெளியே தெரியாது. அதைச் சோதித்துச் சொல்லத்தான் கட்டட இன்ஜினியர்கள் இருக்கிறார்கள். என்ன செய்வது? இன்ஜினியரைக் கூப்பிட்டால் ஓதம் என்பார், கரையான் என்பார், அஸ்திவாரம் இறங்கியிருக்கிறது என்பார். ஆசையோடு வீடு பார்க்க வந்தவனுக்கு இதெல்லாம் கேட்கிற வார்த்தையா?

செவியாரிடம் அந்தத் தொல்லை இல்லை. அவருக்கு இரண்டே தீர்ப்பு. "சிரிக்குது", "அழுவுது". சிரித்தால் வாங்கு. அழுதால் ஓடு.

வீட்டுக்கே வந்து கேட்பதானால், தன் வீட்டிலேயே கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் காரில் ஏறுவார். "கண்ணு பொய் சொல்லும். காது சொல்லாது" என்பார். கையைப் பிடித்து அழைத்துப் போய்ச் சுவரில் சாத்துவார்கள். காதை ஒட்டவைத்து, முகத்தைச் சுளித்து, "உம்... உம்..." என்று முனகுவார். பிறகு தெருக்கோடிவரை கேட்கிற குரலில் தீர்ப்பு வரும். வீட்டைப் பார்க்காமலே வீட்டைப் பற்றிச் சொல்கிறாரே என்று ஜனங்களுக்குப் புல்லரிக்கும். பார்க்காமல் சொல்வதற்குப் புல்லரித்த முதல் ஊர் அதுதான்.

ஒரு சங்கதியை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. அந்த ஊரில் வீட்டுத் தரகர் ஒருவர் இருந்தார். அவர் கை வைத்த வீடெல்லாம் சிரித்தது. அவரைத் தவிர்த்துவிட்டு நேராக விற்க நினைத்தவர்களின் வீடெல்லாம் அழுதது. அழுத வீட்டைத் தரகரிடம் ஒப்படைத்தால் அடுத்த வாரமே அதுவும் சிரித்தது. சுவர்களுக்குத் தரகர்மேல் அப்படி ஒரு பாசம்!

தையல்காரர் ஒருவர் இப்படிச் சிரித்த வீடொன்றை வாங்கிக் குடி போனார். பெட்டியைப் பிரிப்பதற்குள் சமையலறைக் கூரை இறங்கியது. அவர் மனைவியின் கை முறிந்தது. செவியாரிடம் ஓடி வந்து கேட்டார். செவியார் கலங்கவே இல்லை.

"நான் என்ன சொன்னேன்? சிரிக்குதுன்னுதானே சொன்னேன்? நீங்க வந்த சந்தோஷத்துல குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சிருக்கு. கூரை தாங்கல."

கூட்டம் கைதட்டியது. தையல்காரர் வந்த வழியே திரும்பினார்.

இந்த ஊருக்குத்தான் ஒரு பஸ் டிரைவரும் அவர் மனைவியும் வீடு பார்க்க வந்தார்கள். டிரைவருக்கு வாடகை வீட்டு வாழ்க்கை வெறுத்துப் போயிருந்தது. ஆணி அடிக்கவும் வீட்டுக்காரரிடம் அனுமதி. மகள் சுவரில் ஒரு பூ வரைந்ததற்கு, வீட்டுக்காரர் வந்து ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்திருந்தார். "என் பொண்ணு இஷ்டத்துக்குக் கிறுக்க ஒரு சுவரு வேணும்" என்பதுதான் மனுஷனின் லட்சியம். அதற்காக வருஷக்கணக்கில் இரண்டு பேரும் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிச் சேர்த்திருந்தார்கள்.

மனைவி ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் சோதிப்பவள். எதையும் ஒரு தடவை பார்த்து நம்புகிற பழக்கம் அவளுக்கு இல்லை. சம்பளமே அதற்குத்தான்.

தரகர் காட்டிய வீடு, ஒரு பெரிய வீட்டின் முன்பாதி. அண்ணன் தம்பி இருவர் பாகம் பிரித்துக்கொண்டது. முன்பாதி அண்ணனுக்கு, வாசல் பெரிய தெருவில். பின்பாதி தம்பிக்கு, வாசல் பின்சந்தில். இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரே சுவர். அதில் பழைய காலத்துக் கதவு ஒன்று. தாழ்ப்பாள் தம்பி பக்கம் இருந்தது. அண்ணன் பக்கம் நீளத் திரை ஒன்று தொங்கிக் கதவை மறைத்தது. அண்ணன் தரகரிடம் விற்கக் கொடுத்திருந்தார். தம்பி கொடுக்கவில்லை. அதனால் தம்பி வீடு அழுகிற வீடென்று பேர் வாங்கி, வாங்குவார் இல்லாமல் கிடந்தது.

முன்பாதியில் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். பளபளவென்று இருந்தது. டிரைவருக்கு அப்போதே பிடித்துவிட்டது.

"என்னங்க, ஒரு இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து பார்த்துடலாமே" என்றாள் மனைவி.

தரகர் நெஞ்சில் கைவைத்தார். "இன்ஜினியரா? சுத்தியலால தட்டுவாரும்மா! வீட்டுக்கு வலிக்காதா?"

"பல் டாக்டரும் தட்டித்தான் பார்க்கறாரு. வலிச்சாத்தானே எந்தப் பல்லு சொத்தைன்னு தெரியும்?"

"நீ சும்மா இரும்மா" என்று குறுக்கே விழுந்தார் டிரைவரின் தாய்மாமன். செவியாரின் பெருமையைச் சொல்லி இவர்களை இங்கே இழுத்து வந்தவரே அவர்தான். "செவியார் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். அதுக்கு மேல பேச்சு ஏது?"

மறுநாள் காலை செவியார் வந்தார். கண்ணில் கறுப்புத் துணி. கூடவே தரகர். பின்னால் பாதித் தெரு. நடுச்சுவரில் காதை வைத்தார். முனகினார். எல்லாரும் மூச்சை அடக்கி நின்றார்கள். தரகர் "க்கும்" என்று லேசாக இருமினார்.

"சிரிக்குது!" என்று கத்தினார் செவியார். "கன்னம் குழிவிழச் சிரிக்குது! இந்தக் குடும்பத்துக்காகவே காத்துக்கிட்டு இருந்திருக்கு!"

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாயங்காலமே முன்பணம் கொடுப்பதென்று முடிவாகிவிட்டது.

மனைவி மட்டும் தரகரின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சளி இல்லை, காய்ச்சல் இல்லை. வந்ததிலிருந்து ஒரே ஒரு இருமல். அதுவும் தீர்ப்புக்குக் கொஞ்சம் முன்னால்.

"இன்னிக்கே பணம் கொடுக்கணுமாங்க?" என்று கணவனைத் தனியே கேட்டாள்.

"விட்டா வேற யாராவது கொத்திட்டுப் போயிடுவாங்க. எத்தனை வருஷக் கனவு இது, உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதனாலதான் பயமா இருக்கு."

அவர் பணம் எடுக்க பேங்குக்குக் கிளம்பிவிட்டார். அவள் அதற்கு மேல் வாதாடவில்லை. நேரே லேபுக்குப் போய், கூட வேலை செய்கிற மூத்தவளிடம் நடந்ததைச் சொன்னாள். அவளை இவள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"மெஷின் சரியா வேலை செய்யுதான்னு நாம எப்படிக்கா பார்க்கறோம்?"

"ஒரே ரத்தத்தை ரெண்டு டியூப்ல ஊத்தி, வேற வேற பேரு ஒட்டி உள்ள வைப்போம். ரெண்டுக்கும் ஒரே ரிசல்ட் வந்தா மெஷின் சரி. மாறி வந்தா மெஷினைத் தூக்கி வெளிய வை."

"அதே மாதிரி ஒரு சுவரைச் சோதிக்கணும். வர்றியா?"

அக்கா கண்ணடித்தாள். "எத்தனை மணிக்கு?"

பின்சந்துத் தம்பியிடம் பேசினார்கள். செவியாரால் வீடு விற்காமல் நொந்துபோயிருந்தவர் அவர். கேட்டதுமே சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். அக்கா செவியாரிடம் போனாள். புதிதாக வீடு வாங்க வந்தவள்போலப் பேசினாள். தரகர் யாருமில்லை, நேராக வாங்குகிறேன் என்றாள். காணிக்கையை வைத்து, தன் காரிலேயே சாயங்காலம் அழைத்துப் போவதாகச் சொன்னாள்.

செவியார் வழக்கம்போலக் கண்ணைக் கட்டிக்கொண்டு ஏறினார். வழியில் திருட்டுத்தனமாக விலக்கிப் பார்த்திருப்பாரோ என்று நினைக்காதீர்கள். குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டுதான் போனார். எந்த வீடென்று தெரிந்து அவருக்கு என்ன ஆகப்போகிறது? அவர் தொழிலுக்கு வீடே தேவையில்லை.

அதே சாயங்காலம், முன்பாதிக் கூடத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். அண்ணன், தரகர், மாமா, வேடிக்கை பார்க்க வந்த அக்கம்பக்கம். தையல்காரரும் ஒரு மூலையில் நின்றிருந்தார். மனைவி, "தண்ணி வசதி எப்படின்னு பார்த்துட்டு வர்றேன். நான் வர்ற வரைக்கும் பணத்தைக் கொடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். டிரைவர் பணப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் எத்தனை நேரம்? கொடுங்க சார்" என்றார் தரகர்.

டிரைவர் பையின் வாயைத் திறந்தார்.

அப்போது சுவர் முனகியது.

"உம்... உம்..."

கூடம் உறைந்து போயிற்று. திரைக்குப் பின்னாலிருந்து, நடுச்சுவருக்குள்ளிருந்து வந்தது அந்தச் சத்தம்.

"மாப்ளே!" மாமாவின் குரல் நடுங்கியது. "சுவரு பேசுதுடா! என் காதுக்கே கேக்குதுடா!"

"ஐயோ!" என்றது சுவர், தெருக்கோடிவரை கேட்கும் குரலில். "அழுவுது! தேம்பித் தேம்பி அழுவுது! இந்தச் சுவரை நம்பிப் பணம் கொடுத்தா குடும்பத்தோட நடுத்தெருவுலதான் நிக்கணும்!"

மாமா ஓடிப் போய் மருமகனின் பணப்பையை இரண்டு கையாலும் மூடினார். தரகருக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்தக் குரல் யாருடையதென்று அங்கே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அடுத்து, சுவருக்குள் யாரோ "க்கும்" என்று இருமினார்கள்.

பிறகு, "இரு, இரு..." என்றது சுவர், தடுமாற்றத்தோடு. "அழுகை நின்னுடுச்சு. கண்ணைத் துடைச்சுக்குது. ஆகா! சிரிக்குது! கன்னம் குழிவிழச் சிரிக்குது!"

தாழ்ப்பாள் விலகும் ஓசை கேட்டது. கதவு திறந்தது. திரையை ஒதுக்கிக்கொண்டு டிரைவரின் மனைவி நின்றாள். அவளுக்குப் பின்னால் அக்காவும் தம்பியும். பக்கத்திலேயே, கண்ணைக் கட்டிக்கொண்டு, சுவரில் காதை ஒட்டவைத்து, கன்னம் குழிவிழச் சிரித்துக்கொண்டிருந்தார் செவியார்.

"துணியை எடுங்க ஐயா" என்றாள் அவள்.

எடுத்தார். எதிரே தரகர். காலையில் பின்னாலேயே வந்த கூட்டம். காலையில் நின்ற கூடம்.

"காலைல நீங்க காதை வெச்சதும் இதே சுவருதான், அந்தப் பக்கம். அப்போ சிரிச்சுது. இப்போ இந்தப் பக்கம் அழுதுது. எங்க அக்கா இருமினதும் மறுபடியும் சிரிச்சுது. காலைல இருமினது யாருன்னு இங்க எல்லாரும் பார்த்தாங்க."

செவியார் லேசுப்பட்டவரா? "சுவருக்கு ரெண்டு முகம்மா" என்று ஆரம்பித்தார். "முன்முகம் சிரிக்கும், பின்முகம்..."

"அதானே!" என்று கூட்டத்தில் ஒருவர் தலையாட்டினார். தலையாட்டுவதற்கென்றே எல்லா ஊரிலும் ஒருவர் இருக்கிறார்.

டிரைவர் எழுந்து வந்தார். "சரி ஐயா. மறுபடியும் கண்ணைக் கட்டிக்குங்க. இந்த வீடு முழுக்க உங்களை ஒரு சுத்துச் சுத்திட்டு, ஏதாவது ஒரு பக்கம் நிறுத்தறோம். யாரும் இருமாம இருக்கோம். எந்த முகம்னு நீங்களே சொல்லுங்க. சரியா சொல்லிட்டா இந்தப் பை உங்களுக்கு."

செவியார் துணியைப் பார்த்தார். பையைப் பார்த்தார். "எனக்கு இன்னிக்குக் காது கொஞ்சம் அடைப்பா இருக்கு" என்றார்.

மூலையிலிருந்த தையல்காரர் நடுக்கூடத்துக்கு வந்தார். "என் பொண்டாட்டி கை முறிஞ்சப்போ எந்த முகம் சிரிச்சுது ஐயா?" என்று கேட்டார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. ஆனாலும் அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்தவரும் தலையைக் குனிந்துகொண்டார். தரகர் இருமாமல், செருமாமல், செருப்பைக்கூடத் தேடாமல் வாசல் வழியே நழுவினார். செவியார் பின்சந்து வழியே போனார். இந்தத் தடவை கண்ணை நன்றாகத் திறந்துகொண்டுதான் ஓடினார்.

மறுநாள் இன்ஜினியர் வந்தார். தட்டினார், அளந்தார், ஏணி போட்டு ஏறினார். முன்பாதியின் புது வெள்ளைக்குக் கீழே கை நுழைகிற விரிசல், நடுச்சுவர்வரை ஓடியிருந்தது. உத்தரத்தைக் கரையான் தின்று முடிக்கும் தறுவாயில் இருந்தது. இரண்டு மழை தாங்காது என்றார். டிரைவர் அண்ணாந்து அந்த உத்தரத்தைப் பார்த்தார். அதற்கு நேர் கீழேதான் மகளின் கட்டிலைப் போடுவதாக மனசுக்குள் முடிவு செய்திருந்தார். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பின்பாதியில் சில ஓடுகள் மாற்ற வேண்டும், சாக்கடை சரி செய்ய வேண்டும், நடுச்சுவர் விரிசலை இந்தப் பக்கம் பரவவிடாமல் கட்ட வேண்டும். மற்றபடி நல்ல வீடு என்று சொன்னார் இன்ஜினியர். அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு தம்பியிடம் அதையே வாங்கினார்கள். அந்த வீட்டுச் சுவர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. ஒழுங்காக நிற்கிறது. சுவருக்கு அதுதான் வேலை.

மாமாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "இருந்தாலும் அந்தக் குரல்ல ஒரு சக்தி இருந்துது மாப்ளே" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவரை விடுங்கள். உங்களைத்தான் கேட்கிறேன். சந்தையில் வெண்டைக்காய் வாங்கும்போது ஒவ்வொன்றாக நுனியை ஒடித்துப் பார்க்கிறீர்கள். கடைக்காரன் முறைத்தாலும் விடுவதில்லை. அந்தக் கை, ஆயுசுச் சம்பாத்தியத்தைக் கொட்டி வீடு வாங்கும்போது மட்டும் ஏன் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறது? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். யோசிப்பதற்கு யாரும் காணிக்கை கேட்பதில்லை.