சூட்கேஸ் பாயும் இரண்டு அமெரிக்கக் கடைத்தெருக்களும்

வாங்க வந்தவரிடம் விற்க மறுப்பதற்காகவே கடை திறந்து வைத்திருந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். உலகத்தில் என்று சொல்வது கொஞ்சம் அதிகமோ என்று நானே யோசித்துப் பார்த்தேன். இல்லை, சரிதான். மஸ்கட்டில், ரூவி ஹை ஸ்ட்ரீட்டில், ஒரு ஷவர்மா கடைக்கும் ஒரு நெட் கஃபேக்கும் நடுவே அவருடைய சூட்கேஸ் கடை இருந்தது. அவர் பெயர் யாருக்கும் தெரியாது. தெரு முழுக்க அவர் சூட்கேஸ் பாய்தான்.

சொந்த ஊர் அதிராம்பட்டினம். மீசை முளைத்த வயதில் ரூவிக்கு வந்தவர், அதற்குப் பிறகு இந்த இரண்டு ஊர்களைத் தவிர எதையும் பார்த்ததில்லை. ஆனால் ரூவியை விட்டு எங்கே போகிறவரும் பெட்டி வாங்க அவரிடம் வருவார். அதனால் பூமியில் உள்ள எல்லா ஊர்களைப் பற்றியும் அவருக்குத் தீர்மானமான அபிப்பிராயம் இருந்தது.

மற்ற கடையில் "என்ன சைஸ்?" என்று கேட்பார்கள். பாய் கேட்பது ஒரே கேள்வி: "எந்த ஊருக்கு?"

புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன், பாலைவனத்தில் எண்ணெய்க் கிணறு சைட்டுக்கு மாற்றலாகிப் போகிறவன், என் கண் முன்னால் மாட்டிக்கொண்டான்.

"அந்தப் பெரிய பெட்டி குடுங்க பாய்."

"எதுக்கு? அங்க கடைத்தெரு இருக்கா?"

"கேம்ப்தான் பாய் இருக்கு. சுத்தி மணலு."

"அப்ப எதை வாங்கி அதுல அடைக்கப் போற? மணலையா? இந்தா, தோள்ல மாட்டுற பை. இது போதும். ஹலாஸ்."

பையன் முறைத்துப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான். கடைசியில் தோள் பையோடுதான் போனான்.

ஓர் ஊருக்கு முகம் அதன் கடைத்தெரு என்பது பாயின் கொள்கை. அந்த முகத்தில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க அவரிடம் சோதனைகள் இருந்தன. ராத்திரி இஷா தொழுகை முடிந்த பிறகும் டீ கிடைக்க வேண்டும். எதுவும் வாங்காமல் சும்மா நிற்பவனை யாரும் விரட்டக் கூடாது. தெருவில் ஒரு குழந்தை அழுதால் நாலு பேராவது திரும்பிப் பார்க்க வேண்டும். இதில் தேறாத ஊருக்குப் போகிறவர்களுக்குச் சின்னப் பெட்டி. "எப்படியும் திரும்பி வந்துருவான். பெரிய பெட்டி வீண்."

சோதனையில் அவர் தோற்றதும் உண்டு. மழைக்காலத்தில் ஓமானின் தென்கோடியில் இருக்கும் சலாலா போய் வந்தவர்கள் சொன்னதைக் கேட்டு, ரூவிக்கு அடுத்து சலாலாதான் என்று தீர்ப்பளித்து, ஒருவரைப் பெரிய பெட்டியோடு அனுப்பி வைத்தார். மழையும் அதைப் பார்க்க வந்த கூட்டமும் போன பிறகுதான் அந்த மனிதர் அங்கே போய் இறங்கினார். லீவில் வந்தபோது கடையில் சண்டை.

"தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல பாய்! இளநி விக்கிறவன் மட்டும் உக்காந்திருக்கான்."

"வாங்க ஆள் வராமலா அவன் உக்காந்திருக்கான்? நீ குடிச்சியா இல்லியா?"

"குடிச்சேன்..."

"அப்புறம் என்னா?"

அந்தக் குழந்தை அழுகிற சோதனை எங்கள் வீட்டுக் குழந்தையிடமிருந்துதான் அவருக்குக் கிடைத்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. என் மகளுக்கு அப்போது இரண்டு வயது நடந்துகொண்டிருந்தது. கணவர் ஆபீஸ் போய்விட்டால் ஃப்ளாட்டில் நாங்கள் இருவர்தான். எனக்குக் கார் ஓட்ட வராது. மதியம் தெரு முழுவதும் ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கும். நாலரை மணிக்கு மேல் ஒவ்வொரு ஷட்டராக ஏறும் சத்தம் கேட்டதும் குழந்தையைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவேன். சரியாக சூட்கேஸ் கடை வாசலில் அவள் அழ ஆரம்பிப்பாள். உடனே வைத்தியம் தொடங்கிவிடும். வாட்ச் ரிப்பேர்காரர், "பேட் மே தர்த் ஹை" என்பார். ஷவர்மாக்காரர் அரபியில் ஏதோ சொல்லிக் காதைத் தொட்டுக் காட்டுவார். நெட் கஃபே சேட்டன், "பல்லு வருன்னுண்டு சேச்சி" என்பார். சூட்கேஸ் பாய் உள்ளேயிருந்தே, "சூடும்மா, சாக்ஸைக் கழட்டு!" என்று கத்துவார். நான் வயிற்றைத் தடவி, காதைப் பார்த்து, வாயைத் திறந்து பார்த்து, சாக்ஸைக் கழற்றி, வீட்டுக்கு வந்து மறுபடியும் மாட்டி, மாட்டியது தப்போ என்று கவலைப்படுவேன். அன்றெல்லாம் அது எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் தினமும் தெருவில் கழிந்த அந்த ஒன்றரை மணி நேரம் இல்லாவிட்டால் அந்த வருடத்தை நான் தாண்டியிருக்க மாட்டேன்.

இப்படி இருக்கையில் கணவரை அமெரிக்காவுக்கு மாற்றினார்கள். டுல்சா அல்லது ஓமஹா, இரண்டில் ஒன்று. எது என்று ஒரு வாரத்தில் சொல்ல வேண்டும். எண்ணெய்க் குழாய் சம்பந்தப்பட்ட அவருடைய வேலைக்கு டுல்சா நல்லது, ஓமஹாவும் மோசமில்லை.

"உனக்கு எது சரின்னு படுதோ அதைச் சொல்லு. பகல் முழுக்க இருக்கப்போறது நீதானே" என்றார்.

அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் தூக்கம் போயிற்று. இரண்டு ஊர்களின் பெயரையும் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: சாயங்காலம் தள்ளுவண்டியோடு இறங்கினால் அங்கே மனிதர்கள் இருப்பார்களா?

அதைக் கேட்க எனக்குத் தெரிந்த நிபுணர் ஒருவர்தான். இரண்டு ஊர் டவுன்டவுன் படங்களையும் நெட் கஃபேயில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனோம். பாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இரண்டிலும் உயரமான கட்டடங்கள், அகலமான சாலை, பளீரென்ற வெயில். நடைபாதையில் ஆள் இல்லை.

பாய் சிரித்தார்.

"ஏன் தங்கச்சி மொகத்தைத் தொங்கப் போடுற? நெழலைப் பாரு, காலடியில கிடக்கு. இது லுஹர் நேரத்துல எடுத்த படம். கடையெல்லாம் அடைச்சிட்டுத் தூங்குறான். நாலரைக்குத் தொறப்பான் பாரு, அப்ப நடக்க எடம் இருக்காது."

என்ன ஒரு ஆறுதல்! இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று வெட்கமாகக்கூட இருந்தது. மதியம் ரூவியைப் படம் எடுத்தாலும் இப்படித்தானே இருக்கும்?

கணவர் மெல்லத் தொண்டையைச் செருமினார். "பாய், அங்கெல்லாம் மத்தியானம் கடை அடைக்கிற வழக்கம் இல்ல."

"இல்லியா?"

"இல்ல பாய். காலையில தொறந்தா சாயங்காலம்தான்."

பாய் படத்தை மறுபடி பார்த்தார். "அப்ப ஆளு எங்க?"

"கார்ல."

"கார விட்டு எறங்கி எங்க போவான்?"

"வீட்டுக்கு."

பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அன்று அவர் வேறு யாருக்கும் பெட்டி காட்டவில்லை.

இரண்டு நாள் கழித்து நெட் கஃபே சேட்டன் தெருவில் என்னைப் பிடித்துக்கொண்டார். "சேச்சி, இந்தப் பாயை ஒண்ணு உபதேசிக்கணும். ஞான் இதுவரைக்கும் சினிமா காணுற ஆளைக் கண்டிட்டுண்டு. காலி ரோடு காணுற ஆளை இப்பத்தான் காணுறது!"

நடந்தது இதுதான். அந்த இரண்டு ஊர்களிலும் டவுன்டவுனில் கட்டடத்தின் மேல் ஒரு கேமரா வைத்து, தெருவை இன்டர்நெட்டில் காட்டுகிறார்கள் என்று சேட்டன் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். படம் ஓடாது, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மாறும். நமக்கு விடியும்போது அங்கே அந்தி. கடைத்தெருவை அந்தியில் பார்ப்பதுதான் முறை என்பதால், பாய் சுபுஹு தொழுதுவிட்டு நேராக வந்து, கடைக்குள்ளேயே படுத்திருக்கும் சேட்டனை ஷட்டரைத் தட்டி எழுப்பி, அமெரிக்காவின் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்.

அன்று முதல் தினமும் எங்களுக்கு அறிக்கை வந்தது.

"டுல்சா கட்டடம் நல்லாக் கட்டியிருக்கான் தம்பி. கல்யாணப் பந்தல் மாதிரி ஜோடனை. ஆனா மாப்ள வீட்டுக்காரனும் வரல, பொண்ணு வீட்டுக்காரனும் வரல."

"சிக்னல் மட்டும் கரெக்டா மாறுது. செவப்பு, பச்சை, மறுபடி செவப்பு. யாருக்குடா மாறுது?"

"இன்னைக்கு டுல்சால ஒருத்தன் நடந்தான்! நாயக் கூட்டிட்டு வந்தான். நாய்க்கே சலிப்பு."

ஓமஹாவைப் பற்றிச் சொல்லும்போது குரல் மாறிவிடும். "செங்கல் பாவுன ரோடு. பழைய கட்டடம். வாசல்ல நாற்காலி போட்டு ஒக்காந்து சாப்புடுறான். ஒரு குதிரை வண்டிகூட போச்சு, மாஷா அல்லாஹ்!"

வாரக் கடைசியில் வீட்டு மணி அடித்தது. கடையை விட்டு நகராத மனிதர், மூச்சு வாங்க எங்கள் மாடியேறி வந்து நின்றார். உட்காரச் சொன்னதுகூடக் காதில் விழவில்லை.

"தங்கச்சி, ஓமஹா. முடிவு பண்ணிடு. இன்னைக்குப் பாத்தேன். ஒருத்தி தள்ளுவண்டியில புள்ளைய வச்சுக்கிட்டு வந்தா. அடுத்த படத்துல ஒரு கெழவி நிக்கிறா. அதுக்கு அடுத்த படத்துல அந்தக் கெழவி குனிஞ்சு புள்ளைக்கிட்டப் பேசுறா. போதும்மா. வேற என்னா வேணும்?"

எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. கணவர் அன்றே ஓமஹா என்று எழுதி அனுப்பினார்.

பதில் வந்தது. ஓமஹா இடத்துக்கு ஏற்கெனவே வேறொருவரைப் போட்டுவிட்டார்களாம். டுல்சா.

அதைச் சொல்லக் கடைக்குப் போனோம். கணவர்தான் சொன்னார். பாய் எழுந்து, பெட்டிகளை இறக்கும் கொக்கிக் கம்பை எடுத்து, சுவரோரம் சாத்தி வைத்துவிட்டார்.

"டுல்சாவுக்கு நான் பெட்டி தர மாட்டேன்."

"பாய், டிக்கெட் போட்டாச்சு."

"மாஃபி. கெடையாது."

கணவர் என் பக்கம் திரும்பி, "பக்கத்துக் கடையில வாங்கிக்கலாம்" என்றார் மெதுவாக.

"அவன்கிட்ட வாங்கினா வீலு ஏர்போர்ட் தாண்டாது. இருங்க!"

பாய் ஸ்டூலில் உட்கார்ந்து நெடுநேரம் தாடியை உருவிக்கொண்டிருந்தார். என் மகள் தொங்கும் பெட்டி ஒன்றின் வீலைச் சுற்றிவிட்டு விளையாடிக்கொண்டிருந்தாள்.

"உங்க வீடு அந்த கேமராவுக்குத் தூரமா?"

"ஆபீஸ் தர்ற வீடு டவுன்டவுன்லதான் பாய். நடந்துரலாம்" என்றார் கணவர்.

"அப்பச் சரி. தங்கச்சி, அந்திக்குப் புள்ளையக் கூட்டிக்கிட்டு அந்த சிக்னல் பக்கம் வந்து நில்லு. எனக்கு இங்க சுபுஹு முடிஞ்சிருக்கும். நான் பாத்துக்கிட்டு இருப்பேன்."

"எதுக்கு பாய்?"

"தெருவுல ஒரு ஆளாவது இருக்க வேணாமா?"

எழுந்து கம்பை எடுத்தார். கடையிலேயே பெரிய பெட்டியை இறக்கினார்.

டுல்சா பாய் சொன்னபடியே இருந்தது. கட்டடங்கள் அழகு, ஆறு மணிக்கு மேல் சிக்னல் தனக்குத்தானே மாறிக்கொண்டிருந்தது. முதல் நாள் அந்த மூலையில் நின்றபோது எனக்கே சிரிப்பாக இருந்தது. எந்தப் பக்கம் பார்த்துக் கையாட்டுவது என்றுகூடத் தெரியவில்லை. குத்துமதிப்பாக மேலே பார்த்து ஆட்டினேன். மகளும் ஆட்டினாள். மறுநாள் காலை பாய்க்குப் போன் செய்தேன். அங்கே அந்திக் கடை நேரம். அவர் குரலுக்குப் பின்னால் ரூவியே இரைந்தது.

"பாத்தேன் தங்கச்சி! ஒரு பெரிய புள்ளி, ஒரு சின்னப் புள்ளி. சின்னப் புள்ளி எளைச்ச மாதிரி இருக்கே, ஒழுங்காச் சாப்புடுதா?"

அன்று குழந்தைக்கு ஒரு கரண்டி சோறு கூடுதலாகவே ஊட்டினேன்.

அதன் பிறகு அது பழக்கமாகிவிட்டது. போக வர, நாய்க்காரர் எங்களைப் பார்த்துத் தலையசைக்க ஆரம்பித்தார். உங்களை ஓமானில் ஒரு கடைக்காரருக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன். நாயைச் சற்றுக் கிட்ட இழுத்துக்கொண்டு, "நைஸ்" என்றார்.

ஒருநாள் தூறலாக இருந்ததால் நாங்கள் இறங்கவில்லை. மறுநாள் காலை போனை எடுத்ததுமே பாய் பிடித்துக்கொண்டார்.

"நேத்து ஏம்மா வரல? தொழுதுட்டு டீ கூடக் குடிக்காம ஒக்காந்திருந்தேன்."

"மழை பாய்."

"எனக்குத் தெரியாதா, நானும்தானே பாத்தேன்! கொடை இல்லியா?"

அன்று சாயங்காலமும் தூறல் நிற்கவில்லை. சளி பிடித்துவிடுமோ, காதில் தண்ணீர் போய்விடுமோ என்று ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன். பிறகு மகளுக்கு ரெயின்கோட்டை மாட்டி, குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். பாவம், ஒருவர் டீ கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்.