நான்கு விரற்கடை நில மீட்பு

செங்கல் ஒன்றைக்கூட அசைக்காமல், சிமெண்டு ஒரு கரண்டிகூடக் குழைக்காமல், ஒரே பகலில் ஓர் அறையைப் பெரிதாக்கிக் காட்டியவர் இந்தப் பூவுலகில் இதுவரை ஒருவரே. அவர் ஓய்வுபெற்ற சர்வேயர். நிலத்தைச் சுருக்குவது எந்தச் சர்வேயருக்கும் கைவந்த கலை. சங்கிலியைப் பிடிக்கிற பிடியிலேயே அரை சென்ட் ஆவியாகிவிடும். முப்பத்தாறு வருட அரசுப் பணியில் நம்மவரும் அந்தக் கலையில் யாருக்கும் சளைத்தவரல்லர். பெருக்கிக் காட்டியதுதான் புதுமை. உலகமே இதை ஒப்புக்கொண்டது. "ரீல் விடாதீங்க மாமா" என்றவர் ஒரே ஒருவர்தான். அவர் சர்வேயரின் மாப்பிள்ளை. மாமனார் சொல்வதை நம்பாமலிருப்பது மாப்பிள்ளைமாரின் பிறப்புரிமை என்பதால் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

சர்வேயர் கடல் கடந்து மகள் வீட்டுக்குப் போனது ஓய்வெடுக்கத்தான். முதல் வாரத்திலேயே அந்த அடுக்ககத்தை அளந்து முடித்துவிட்டார். சமையலறை முக்கால் அங்குலம் கோணல் என்பதை மகளிடம் வேளைக்கு ஒருமுறை அறிவித்தார். மூன்றாம் வாரம் கீழே கார் நிறுத்துமிடத்தை அளந்து, பதினைந்து வருடமாக நட்பாக இருந்த இரண்டு குடும்பங்களைப் பேச்சுவார்த்தை இல்லாமல் செய்தார். அன்று மாலை மகளும் மாப்பிள்ளையும் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசித்தார்கள். வெளியே வந்தபோது அவருக்குள் ஒரு மகத்தான குணம் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

"அப்பா, உங்களுக்கு உள்ளுக்குள்ள ஒரு சேவை மனசு இருக்குப்பா."

"எனக்கா?"

"ஆமா மாமா," என்றார் மாப்பிள்ளை. "வாரத்துல ஆறு நாள் இருக்கு."

மாப்பிள்ளையின் கம்பெனி மாதம் ஒருமுறை ஊர்க்கோடியிலிருந்த குழந்தைகள் இல்லத்தில் 'நல்லெண்ண நாள்' கொண்டாடுவது வழக்கம். பன்னிரண்டு வருடப் பழக்கம். ஒரே போனில் மாமனாருக்கு அங்கே கட்டில், போர்வை, தொண்டர் என்ற பட்டம் மூன்றும் கிடைத்தன.

அந்த நாட்டு மொழி சர்வேயருக்கு ஒரு சொல்லும் வராது. ஆனால் அங்கே எல்லோரும் பேசியது தம் காதில் தமிழாகவே விழுந்தது என்று இன்றும் சத்தியம் செய்கிறார். நாமும் அவர் காதாலேயே கேட்போம்.

இல்லத்தின் நிர்வாகி அவருக்கு ஒரு தொப்பி, ஒரு மேலங்கி, ஒரு பிரஷ் வழங்கி வரவேற்றார்.

"இங்க எனக்கு என்ன வேலை சார்?"

"சுவர்."

"சுவர்ல?"

"பெயிண்ட்."

வாரம் தவறாமல் ஏதோ ஒரு கம்பெனி, கல்லூரி அல்லது சங்கம் இல்லத்துக்கு அன்பு செலுத்த வரும். அன்பு ஐந்து லிட்டர் டப்பாக்களில் வரும். வாசலுக்குப் பக்கத்தில் இருப்பதாலும், படத்துக்கு வெளிச்சம் தோதாக விழுவதாலும், பெண் குழந்தைகளின் படுக்கையறைச் சுவர்களுக்கே அந்த அன்பு முழுவதும் போய்ச் சேர்ந்தது. வந்தவர்கள் பட்டி பூசுவார்கள், பெயிண்ட் அடிப்பார்கள், குழந்தைகளின் உள்ளங்கையை மையில் தோய்த்துச் சுவரில் பதிப்பார்கள், கண் கலங்குவார்கள், போவார்கள். அடுத்த வாரம் வருகிறவர்கள், "ஐயோ, சுவரெல்லாம் ஒரே கைக்கறை!" என்று பதறி மறுபடி பட்டியிலிருந்து தொடங்குவார்கள். இருபத்திரண்டு வருடமாக இந்தச் சேவை ஒரு வாரமும் தடைப்பட்டதில்லை.

"உலகத்துலயே அதிகமா நேசிக்கப்பட்ட சுவர் சார் இது," என்றார் நிர்வாகி, சுவரைத் தடவிக்கொண்டே.

பயிற்சி கொடுக்கப் பதினோரு வயதுப் பெண் ஒருத்தி நியமிக்கப்பட்டாள். வாயாடி என்றால்தான் இல்லத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"தாத்தா, பிரஷ்ஷ அப்படிப் புடிச்சா படத்துல மூஞ்சி மறைஞ்சிடும். லேசாத் திரும்புங்க. சிரிங்க. பல்லு வேணாம். ம்... ஆச்சு, கீழ வைங்க."

"நான் இன்னும் அடிக்கவே இல்லியேம்மா!"

"படம்தான் முதல்ல. அடிச்சிட்டு எடுத்தா சட்டை அழுக்காத் தெரியும்ல?"

பத்தே நாளில் சர்வேயர் ஒட்டிக்கொண்டார். இருபத்தாறு பிள்ளைகளுக்கு நகம் வெட்டினார். கையும் காலுமாக ஐந்நூற்று இருபது விரல்கள். கடைசிப் பிள்ளையை முடிப்பதற்குள் முதல் பிள்ளைக்கு நகம் வளர்ந்துவிடும். ஷூ லேஸ் கட்டினார், தொலைந்த சாக்ஸுக்கு ஜோடி தேடினார். இவை எதுவும் படத்தில் தெரியாது என்பதால் 'சேவை'யில் சேராது. ஒரே ஒரு விஷயம்தான் அவருக்கு விளங்கவில்லை. அந்தப் படுக்கையறையில் விளக்குப் போட, சுவரில் இருந்த ஒரு பொந்துக்குள் விரலை விட்டு ஸ்விட்சைத் துழாவ வேண்டியிருந்தது. இந்த ஊர்க் கட்டடக்கலை போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்.

அப்போதுதான் வாயாடியின் தங்கை வந்து சேர்ந்தாள். ஆறு வயது. பேச்சு ரீங்காரமாக வரும் என்பதால் சில்வண்டு. அதுவரை அத்தை வீட்டில் இருந்தவள்; அத்தைக்கு உடம்புக்கு முடியாமல் போக, அக்காவிடமே கொண்டுவந்து விட்டார்கள். வாயாடி படுக்கும் அந்தப் பெண்கள் அறையில் வரிசையாக மூன்று கட்டில்கள். நான்காவது போட வேண்டும். குழந்தை நலத் துறை அதிகாரியம்மா வந்தார், அளந்தார். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே விதிப்படி விட வேண்டிய இடைவெளி விட்டால், நான்கு விரற்கடை இடிக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டில் கூடாது. மற்ற அறைகளில் எள் விழ இடமில்லை.

"வியாழக்கிழமை நாலு மணிக்கு வருவேன். இடம் இல்லேன்னா சின்னவள வேற இல்லத்துக்கு மாத்திடறோம். ரொம்ப தூரமில்ல. பஸ்ல ஆறு மணி நேரம்தான்."

இரண்டு நாள் வாயாடி வாய் திறக்கவில்லை. இல்லத்தில் எல்லோருக்கும் காது அடைத்துப்போனது போலிருந்தது. மூன்றாம் நாள் சர்வேயர் முன்னால் வந்து நின்றாள்.

"தாத்தா, கட்டில அறுக்க முடியுமா?"

"எதுக்கும்மா?"

"என் கட்டில மட்டும். நாலு விரல் அகலம் போதும். நான் ஒருக்களிச்சே படுத்துக்குவேன்."

சர்வேயர் பெட்டியைத் திறந்து டேப்பை எடுத்தார். அறையை வெளியே அளந்தார், உள்ளே அளந்தார். செங்கல் சுவரின் கனத்தைக் கழித்தார். நான்கு விரற்கடையைக் காணோம். இடம் காணாமல் போன காரணம் புரியாமல் அவர் திகைத்தது வாழ்க்கையில் அதுவே முதல் முறை. மற்ற சமயங்களில் காரணம் அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். பிறகு விளக்கைப் போடப் பொந்துக்குள் விரலை விட்டவர், விட்டபடியே நின்றார். சாவியால் விளிம்பைச் சுரண்டினார். மஞ்சள் வந்தது. அதற்கடியில் பச்சை, ரோஜா, நீலம், மறுபடி மஞ்சள்.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டார்.

"மாப்பிள்ளை, சுவர் உப்பியிருக்கு."

"ஈரமா மாமா?"

"அன்பு. ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு விரல். சுரண்டினா ரூம் பெருசாயிடும்."

"மாமா, நான் இன்ஜினியர். ஒரு கோட் பெயிண்ட் காகிதத்தைவிட மெல்லிசு."

"காகிதம் மெல்லிசுதான். எங்க ஆபீஸ் ஃபைல் எதையாவது பாத்திருக்கீங்களா?"

"ரீல் விடாதீங்க மாமா. வியாழக்கிழமை முப்பது பேரோட வர்றேன். பெயிண்ட்கூட வாங்கியாச்சு."

புதன்கிழமை அவசரக் கூட்டம். நிர்வாகி வெளிறிப்போனார்.

"சுரண்டறதா? அடுத்த வருஷக் கடைசி வரைக்கும் அந்தச் சுவர் புக் ஆகியிருக்கு சார்! அன்போட வர்றவங்களுக்குச் சுவர் இல்லேன்னு சொல்ல முடியுமா?"

"சுவர் எங்கயும் போகாது சார். கொஞ்சம் தள்ளி நிக்கும், அவ்வளவுதான்."

மூலையில் உட்கார்ந்திருந்த சமையல்காரம்மா கையைத் துடைத்துக்கொண்டார். "இத்தனை வருஷத்துல ஒருத்தராவது, பிள்ளைங்க எங்க படுக்குதுன்னு கேட்டிருக்காங்களா? என்ன கலர் பிடிக்கும்னுதானே கேட்டாங்க?"

நிர்வாகி பேனா மூடியைத் திருகித் திறந்தார். பிறகு, 'சுவரை மேலும் ஆழமாக நேசிக்கும் பொருட்டு அதன் உட்பகுதிக்குச் செல்வது' என ஏகமனதாகத் தீர்மானம் எழுதினார்.

வியாழன் காலை, ஒரே மாதிரி பனியன் போட்ட முப்பது நல்லெண்ணங்கள் வேனிலிருந்து குதித்தன. பிரஷ்ஷுக்காக நீட்டிய கைகளில் சர்வேயர் ஆளுக்கொரு இரும்புத் தகட்டைக் கொடுத்தார்.

"சுரண்டணுமா?" என்று முப்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எங்களுக்குப் பழக்கமில்லியே!"

"கவலைப்படாதீங்க. முப்பத்தாறு வருஷம் ரெவின்யூல இருந்திருக்கேன். நான் சொல்லித் தர்றேன்."

"அங்கிள், படத்த முதல்ல எடுத்துடுங்க," என்றாள் வாயாடி. அவளுக்குக் குரல் திரும்பியிருந்தது. "அப்புறம் தூசி பறக்கும்."

முதல் அரை மணி நேரம் தூள்தான் கொட்டியது. மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்துப் புன்னகைத்தார். 'ரீல்' என்பதைச் சொல்லாமல் சொன்ன புன்னகை அது. பதினொரு மணிக்கு யாரோ தகட்டை ஆழமாகக் கொடுத்து நெம்ப, 'மடார்' என்று கதவகலத்துக்கு ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. பிறகு பாளம் பாளமாக வந்தது. பாளம் பிளந்த இடமெல்லாம் சின்னச் சின்ன உள்ளங்கைகள். படித்து முடித்துப் போய், கல்யாணமாகி, தாங்களே பிள்ளை பெற்றுவிட்டவர்களின் கைகள். சமையல்காரம்மா ஒவ்வொன்றையும் பார்த்து, "இது அந்தக் கோணல் பல்லு. இது மழைன்னா அழுவாளே, அவ," என்று அடையாளம் சொல்லிக்கொண்டே பெருக்கினார்.

மூன்றரைக்குச் சுவரின் பழைய காரைப்பூச்சு தெரிந்தது. நான்கு மணிக்கு அதிகாரியம்மா வந்தார். டேப்பின் மறுமுனையை மாப்பிள்ளையே பிடித்துக்கொண்டார். மாமனாரின் பிடியில் அவருக்கு நம்பிக்கையில்லை. அதிகாரியம்மா ஒருமுறை அளந்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை அளந்தார். நான்கு கட்டிலும் விதிப்படி நின்றன. மேற்கொண்டு ஒரு நூலளவு மிச்சம். அவர் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் சில்வண்டு ஷூவோடு கட்டிலில் ஏறிப் படுத்து, கையை நீட்டி அக்காவின் கட்டிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

நிர்வாகி கைதட்டினார். முப்பது பேரும் கைதட்டிவிட்டு, அந்தக் கட்டிலோடு படம் எடுத்துக்கொள்ளக் கிளம்பினார்கள். மாப்பிள்ளையை மட்டும் காணவில்லை.

முற்றத்தில் இருந்தார். மடியில் ஒரு பாளம். அதன் ஓரத்தில் வண்ண வண்ணமாக வரிகள், மரத்தை அறுத்தால் தெரியுமே, அதுபோல. வரிகளுக்கு நடுவே தடிதடியாக ஒரே ஆரஞ்சு, விட்டு விட்டு வந்துகொண்டேயிருந்தது. அவர் போட்டிருந்த பனியனின் அதே ஆரஞ்சு.

பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள் வாயாடி. "அது நீங்கதான் அங்கிள். மத்தவங்க எல்லாம் ஒரு தடவ அடிச்சிட்டுப் போயிடுவாங்க. உங்க ஆளுங்கதான் முப்பது பேரும் தனித்தனியா அடிச்சாத்தான் விடுவாங்க."

மாப்பிள்ளை ஆரஞ்சு வரிகளின் மேல் ஒவ்வொன்றாக நகத்தை ஓட்டினார். பக்கத்தில் வந்து நின்ற மாமனாரை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

"நடந்தது நிஜம்தான் மாமா. நாலு விரல்ல ஒரு விரல் நாங்க."