உச்சந்தலை நிலவரம்

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு,

அண்ணன் மகன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், தலை நீங்கலாக. அங்கே நீங்களும் நலமென்று நம்புகிறேன், காது நீங்கலாக. சித்திக்கும் தங்கைக்கும் என் அன்பைச் சொல்லவும்.

போனில் பேசக்கூடியதை இவன் எதற்குக் கடிதமாக எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் பேசியதன் பலனைத்தான் போன வருடம் நாம் எல்லோரும் அனுபவித்தோமே. நான் கேட்க நினைத்தது ஒரே ஒரு கேள்வி. உங்களுக்கு நெற்றியில் ஏற ஆரம்பித்த வழுக்கை பாதி வழியில் தானாகவே நின்றுவிட்டது, அப்புறம் ஒரு அங்குலம்கூட ஏறவில்லை என்று சித்தி எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லுவாள். அது எப்படி நின்றது என்று தெரிந்துகொள்ளத்தான் கூப்பிட்டேன். “சித்தப்பா, முடி போயிடுச்சு” என்றேன். “யாருக்குடா முடிஞ்சு போயிடுச்சு?” என்றீர்கள். “எனக்குத்தான் சித்தப்பா, முடி, முடி” என்று கடை வாசலில் நின்று கத்தினேன். பக்கத்தில் சித்தி அழ ஆரம்பித்தது எனக்குக் கேட்டது. நீங்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு, “மனசைத் தேத்திக்கடா, எப்ப எடுக்கறாங்க?” என்றீர்கள். “யாரும் எடுக்கல சித்தப்பா, அதுவா போகுது” என்றேன். அதற்குள் போன் சித்தி கைக்குப் போய், சித்தி கையிலிருந்து ஊர் பூராவும் போய்விட்டது. அன்று சாயங்காலம் வரை எனக்குத் துக்கம் விசாரித்துப் போன் வந்துகொண்டே இருந்தது. செத்தது நான்தான் என்று நினைத்துக் கூப்பிட்டவர்களுக்கு நானே போனை எடுத்ததில் கொஞ்சம் ஏமாற்றம்கூட. ஆனாலும் சொல்கிறேன், அந்த மாதம் முழுவதும் என்னிடம் அத்தனை பேர் பேசியது அந்த ஒரு நாள்தான்.

விஷயம் எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்க்கும் கடையில் குழாய், வாஷ்பேசின், குளியலறைக் கண்ணாடி, மேல்கூரை விளக்கு எல்லாம் விற்கிறோம். ஒருநாள் புதிதாக வந்த ஆளுயரக் கண்ணாடி ஒன்றைப் பழைய கண்ணாடிக்கு நேர் எதிரே நிறுத்தியிருந்தார்கள். நான் குனிந்து ஒரு பேசினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தலையை லேசாகத் திருப்பினால், அங்கே ஒரு வாடிக்கையாளர் எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்துகொண்டிருந்தார். உச்சந்தலையில் டீ கிளாஸைக் கவிழ்த்து வைத்து எடுத்ததுபோல வட்டமாக ஒரு காலியிடம். பாவம், வயதானவர் போலிருக்கிறது என்று, “சார், என்ன மாடல் பார்க்கறீங்க?” என்றேன். பதில் இல்லை. உங்கள் மாதிரிக் காது மந்தமோ என்று கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன். நான் நகர்ந்தேன், அவரும் நகர்ந்தார். அவர் போட்டிருந்தது எங்கள் கடைச் சீருடை. புதிதாகச் சேர்ந்த ஆள் என்று நினைத்து, சொல்லாமல் கொள்ளாமல் ஆளெடுக்கிறார்களே என்று முதலாளி மேல் கோபம்கூட வந்தது சித்தப்பா. அப்புறம்தான் புரிந்தது. முன்பக்கம் ஏறுவது எனக்குத் தெரியும், தினமும் பல் தேய்க்கும்போது பார்த்துப் பழகிப்போயிற்று. பின்பக்கம் இப்படி ஒரு இடம் காலியாகிக்கொண்டிருப்பதை என்னிடம் ஒருத்தரும் சொல்லவில்லை. யார் சொல்வார்கள்? கட்டியவள் பிரிந்து போன பிறகு என் முதுகுக்குப் பின்னால் நிற்க வீட்டில் யாரும் இல்லை. மனுஷனுக்குத் தன் உச்சந்தலை தனக்குத் தெரியாது, பக்கத்தில் யாராவது இருந்து சொன்னால்தான் உண்டு. எனக்குச் சொன்னது ஒரு கண்ணாடி. அதுவும் விற்பனைக்கு வைத்திருந்த கண்ணாடி.

அதற்குப் பிறகு வேலைக்கு நடுவே அடிக்கடி அந்த இரண்டு கண்ணாடிக்கும் இடையில் போய் நின்றேன். மேனேஜர் சில நாள் பொறுத்துப் பார்த்தார். அப்புறம், “கண்ணாடி விக்கறதுக்கு வெச்சிருக்கோம். நீங்க வாங்கறதா இருந்தா சொல்லுங்க, பேக் பண்ணித் தர்றோம்” என்று சொல்லி ஒன்றை வேறு பக்கம் திருப்பி வைத்துவிட்டார். வேறு வழியில்லாமல் தோல் டாக்டரிடம் போனேன். அவர் பெரிய லென்ஸ் வைத்து என் தலையை வெகுநேரம் பார்த்தார். பரம்பரையாக ஆண்களுக்கு வருகிற சாதாரண வழுக்கைதான், வேறு வியாதி ஏதும் இல்லை என்றார். “தானா நின்னுடுமா டாக்டர்?” என்று கேட்டேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு நிதானமாகச் சொன்னார். “சிலருக்கு வேகம் குறைஞ்சு பல வருஷம் அப்படியே இருக்கும். நின்ன மாதிரிகூடத் தெரியும். ஆனா பொதுவா இது போய்க்கிட்டே இருக்கற சமாச்சாரம், சிலருக்கு மெதுவா, சிலருக்கு வேகமா. நீங்க எந்த ரகம்னு இப்பவே சொல்ல என்னால முடியாது.” எங்கள் சித்தப்பாவுக்கு நின்றுவிட்டது என்றேன். “சித்தப்பா தலை சித்தப்பாவுக்கு” என்றார். மருந்து இருக்கிறதாம், போடுகிற வரைக்கும் ஓரளவு பிடித்து நிறுத்துமாம், விட்டால் பழையபடி ஆகிவிடுமாம். நான் கொஞ்ச நாள் பார்க்கிறேன் என்றேன். “அப்படின்னா ஒண்ணு செய்யுங்க. மாசாமாசம் அதே இடத்துல, அதே வெளிச்சத்துல உச்சந்தலையை ஒரு படம் எடுத்து வைங்க. வருஷக் கடைசியில ஒப்பிட்டுப் பார்த்தா தெரிஞ்சுடும். வீட்ல யாரையாவது எடுக்கச் சொல்லுங்க” என்றார். சரி டாக்டர் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் மிகச் சாதாரணமாகத்தான் சொன்னார். தண்ணி நிறைய குடியுங்கள் என்பதுபோல. ஆனால் மாடிப்படி இறங்கி முடிவதற்குள், வீட்டில் யாரை எடுக்கச் சொல்வது என்று எண்ணிப் பார்த்து முடித்துவிட்டேன்.

நானே எடுக்கலாமென்று பார்த்தேன். முதல் படத்தில் என் காது வந்தது. அடுத்ததில் மின்விசிறி. இன்னொன்றில் அலமாரிக்கு மேலே நான் ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்த குடை வந்தது, அந்த வகையில் லாபம். ஒருவழியாகத் தலை முழுசாக விழுந்த ஒரு படத்தைப் பெரிசாக்கிப் பார்க்கப் போய், விரல் எங்கேயோ பட்டு, அது கடை ஊழியர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸப் குழுவுக்குப் போய்விட்டது. எப்படி அழிப்பது என்று தேடிக்கொண்டிருந்தேன். மேனேஜரிடமிருந்து பதில் வந்தது: “நல்லா இருக்கு. எந்தக் கம்பெனி விளக்கு? நம்ம கிட்ட ஸ்டாக் இருக்கா?” இல்லை சார், தீர்ந்துகொண்டிருக்கிறது என்று பதில் போட்டேன்.

கடைசியில்தான் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அங்கே இருப்பவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் கிரேன்காரர்தான். அத்தனை வருடம் எதிரெதிர் வீட்டில் இருந்தும், குப்பை வண்டி வந்துவிட்டதா என்பதற்கு மேல் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. என் தலையை ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. “உள்ள வாங்க தம்பி. நான் வேலையில இருந்தவரைக்கும் மேலேருந்து உச்சந்தலையாத்தான் எல்லாரையும் பார்த்தேன். கூட வேலை பார்த்தவன் எதிர்ல வந்து சிரிச்சா யாருன்னு தெரியாது. குனிஞ்சாத்தான் தெரியும்” என்றார். ஜன்னலோரம் என்னை உட்கார வைத்து, தன் போனில் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பினார். அவரிடம் இரண்டு நாற்காலி. ஒன்றில் அவர் உட்காருவார், மற்றதில் பழைய செய்தித்தாள் கட்டு உட்கார்ந்திருக்கும். எனக்காக அதைத் தூக்கித் தரையில் வைத்தார். டீ போட்டார். டீ நன்றாக இல்லை. குடித்தேன்.

அதிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்கு அங்கேதான். படம் எடுக்க ஒரு நொடி ஆகும், டீ குடிக்க மத்தியானம் ஆகிவிடும். மூட்டை தூக்குகிற மாதிரி இல்லை, காற்றடிக்கும்போது கொக்கியில் தொங்கும் சரக்கை ஆடாமல் இறக்குவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லுவார். வெளியூரில் இருக்கும் மகன் போன் பண்ணினால் முதலில் தண்ணீர் வருகிறதா என்றுதான் கேட்பானாம். “வருதுன்னு சொன்னதும் வெச்சுடுவான். அதனால சில சமயம் வரலேன்னு சொல்லுவேன்” என்றார். நான் கண்ணாடி விற்பது பற்றிச் சொல்லுவேன். அவளைப் பற்றி அவர் கேட்டதில்லை. ஒருநாள் நானாகச் சொன்னேன். கேட்டுவிட்டு இன்னொரு டீ போட்டார், அதுவும் நன்றாக இல்லை.

இப்போது நல்ல செய்திக்கு வருகிறேன். வருடம் முடிந்தது. எல்லாப் படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். சித்தப்பா, நின்றுவிட்டது. உங்களுக்கு நின்ற மாதிரியே எனக்கும் தானாகவே நின்றுவிட்டது. ஒரு முடிகூட இடம் மாறவில்லை. வெளிச்சம் அதே வெளிச்சம், நிழல் அதே நிழல், என் சட்டைக் காலர்கூட ஒவ்வொன்றிலும் அதே நீலம். கிரேன்காரர் கை அவ்வளவு நிதானம். டாக்டரிடம் காட்டப் போகவில்லை, நின்றுவிட்ட பஸ்ஸுக்கு யாராவது கை காட்டுவார்களா. நேராகப் போய் கிரேன்காரரிடம்தான் சொன்னேன். “நின்னுடுச்சுங்க. இத்தனை மாசம் உங்களுக்குச் சிரமம் கொடுத்துட்டேன். இனிமே படம் வேண்டாம்” என்றேன். அவர் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அவர் டீயில் சர்க்கரையே கிடையாது. “நல்லது தம்பி” என்று மட்டும் சொன்னார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது, தரையிலிருந்த செய்தித்தாள் கட்டைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டிருந்தார். வயசாயிற்று, ஒரு வார்த்தை சந்தோஷமாகச் சொல்லத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகையால் தங்கை கல்யாணத்துக்கு நிச்சயம் வருகிறேன். லீவு கிடைக்காது என்று முன்பு சொல்லியிருந்தேன், இப்போது கிடைத்துவிட்டது. தலைக்கும் லீவுக்கும் சம்பந்தம் கிடையாது. சொந்தக்காரர்கள் என் தலையில் ஆரம்பித்து அவளிடம் போய் முடிப்பார்கள், அது எனக்குத் தெரிந்ததுதான். பரவாயில்லை. ஆரம்பிக்கிற இடமாவது இனிமேல் மாறாது. வீடியோக்காரரை மாடியிலிருந்து எடுக்கச் சொன்னாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

சித்தி உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் காதுக்கு வாங்கிய கருவியைப் பெட்டியில் வைக்காமல் காதில் வைக்கவும். இரண்டு பேரும் இருக்கிற இடத்திலிருந்தே என்னை வாழ்த்தினால் போதும், மிச்சத்தை நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுப் பிரித்திருக்கிறேன், கிழிசலுக்குத் தபால்காரரைத் திட்ட வேண்டாம். மேலே நலம் விசாரித்திருப்பதையும் கல்யாணத்துக்கு வருவதையும் தவிர மற்ற எதையும் நம்ப வேண்டாம். உங்கள் தலையைப் பற்றிச் சித்தி சொல்வதுகூட இப்போது எனக்குக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

தபால் பெட்டிக்குக் கிளம்பும்போது கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. கிரேன்காரர். “ஒண்ணு சொல்லணும் தம்பி. உள்ள வரலாமா?” என்றார். அவர் என் வீட்டுக்குள் வந்ததே இல்லை. என்னிடம் இருப்பது ஒரே நாற்காலி, அதில் அவரை உட்காரச் சொல்லிவிட்டு நான் கட்டிலில் உட்கார்ந்தேன். அவர் போனைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

“நான் உங்களுக்கு அனுப்பினது எல்லாம் ஒரே படம்” என்றார்.

எனக்குப் புரியவில்லை. “ஒவ்வொரு மாசமும் எடுத்தீங்களே?”

“எடுத்தேன். ரெண்டாவது தடவையே கொஞ்சம் விரிஞ்சிருந்துச்சு. அனுப்பினா நீங்க இங்க வந்து தனியா உக்காந்து அதையே பார்த்துக்கிட்டு இருப்பீங்கன்னு தோணுச்சு. கை வரல. மொதல்ல எடுத்ததையே திரும்ப அனுப்பிட்டேன். அப்புறம் அதுவே பழகிப்போச்சு.”

“அப்ப இன்னிக்கு ஏன் சொல்றீங்க?”

அவர் ஜன்னலைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார்.

“நின்னுடுச்சுன்னு நம்பிட்டீங்க. இனிமே வரமாட்டேன்னுட்டீங்க” என்றார்.

கோபப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது சித்தப்பா. எங்கேயாவது இருக்கும் என்று தேடிக்கூடப் பார்த்தேன். அப்புறம் எழுந்து போய் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தேன். “சரி, எது வரைக்கும் போயிருக்கு? காட்டுங்க” என்றேன். படத்தைக் காட்டுவார் என்று நினைத்தேன். அவர் போனைக் கீழே வைத்துவிட்டு என் உச்சந்தலையில் விரலை வைத்தார். சில்லென்று இருந்தது. “மொதல்ல இவ்வளவுதான் இருந்துச்சு. இப்ப இங்கேருந்து, இப்படி வந்து, இந்தா, இது வரைக்கும்” என்று மெதுவாகச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்.

எனக்கு நன்றாகவே புரிந்தது. “சரியாப் புரியலைங்க, இன்னொரு தடவை காட்டுங்க” என்றேன்.