சுனைத்தோப்பு ஏலம்

திம்மராயனுக்கு இழைக்கப்பட்ட அநீதிகள், வரிசைப்படி இவை.

முதலாவது, முப்பதாம் வருஷம் உப்பு ஊர்வலத்தில் கொடி பிடித்துப் போன பதினேழு பேரில் பதினாறு பேரைப் போலீஸ் பிடித்தது. இவரை மட்டும் வீட்டுக்குப் போகச் சொன்னது. இரண்டாவது, நாற்பத்திரண்டில் பிடித்தார்கள். இவர் எழுதிய மனுக்களைப் படித்து மாளாமல் ஒன்பதாம் நாளே வெளியே தள்ளினார்கள். மூன்றாவது, நாற்பத்தேழில் சூளகிரியில் கொடி ஏற்றியபோது, கயிற்றுச் சிக்கை எடுக்கத்தான் இவரைக் கூப்பிட்டார்கள். நான்காவது, குத்தகை விவசாயிகளுக்காக இவர் அச்சடித்த ஐந்நூறு துண்டறிக்கைகளில் பாதியை மங்கம்மா அடுப்பு மூட்டவே தீர்த்தாள். பெண்டாட்டி என்பதால் அவள் மேல் வழக்குப் போடவும் வழியில்லை.

ஐந்தாவதுதான் பெரியது. சுனைத்தோப்பை அடைத்தார்கள்.

சூளகிரி ரோட்டிலிருந்து அரை மைல் உள்ளே போனால் ஒரு மொட்டைப் பாறை. அதன் இடுப்பில் வற்றாத சுனை. சுற்றிலும் நாற்பது புளியமரம். யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கு. அதனால் எல்லோருக்கும் சொந்தம். ஞாயிற்றுக்கிழமையானால் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலும் கட்டுச்சோற்றோடு வந்து உட்காரும். பிள்ளைகள் சுனையில் குதிக்கும். ஐம்பத்தைந்து தை மாதம் பஞ்சாயத்து போர்டு அதைச் சுற்றி முள்கம்பி இழுத்து, இரும்புக் கேட் நட்டு, பலகை மாட்டியது. நுழைவு ஓரணா. மாலை ஆறுக்கு மேல் அனுமதி இல்லை. வசூல் உரிமையும் புளி, புல் மகசூலும் மாசிக் கடைசியில் ஏலம் என்று தண்டோராவும் போட்டார்கள். ஏலம் எடுக்கத் துடித்துக்கொண்டிருந்தவர் சென்னகிருஷ்ணன். சந்தைச் சுங்கத்தைக் குத்தகை எடுத்து, மடியில் இருந்த கோழிக்குஞ்சுக்கும் சுங்கம் கேட்ட மனிதர்.

"பாறைக்குக் காசா? தண்ணிக்குக் காசா? நெழலுக்குக் காசா?" திம்மராயன் வீட்டு வாசலில் நின்று முழங்கினார். "ஒரே மாசத்துல அந்தக் கேட்டத் தெறக்கறேன் பாரு!"

"மொதல்ல தொழுவத்துக் கதவத் தெறங்க," என்றாள் மங்கம்மா. "எரும காலையிலேருந்து பட்டினி. அதுக்கும் புல்லு அங்கதான் மொளைக்குது."

கலெக்டருக்கு மனு போட்டார். பதில் வரவில்லை. கேட்டின் முன்னால் மறியல் செய்தார். அன்று செவ்வாய்க்கிழமை, மறிப்பதற்கு ஆள் வரவில்லை. அப்போதுதான் அந்த யோசனை பிறந்தது. எடுக்க ஆளே இல்லையென்றால் ஏலம் ஏது? ஏலம் இல்லையென்றால் கேட் எதற்கு?

"பேயா?" மங்கம்மா பால் சொம்பைக் கீழே வைத்தாள். "பேயும் இல்ல பிசாசும் இல்லன்னு மேடையேறிப் பேசுனது நீங்கதான?"

"அது முதலாளிங்க பேயி. இது ஜனங்களோட பேயி."

"அப்ப ஏலத்துக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க?"

"ஒரு ஈ வராது."

"சரிங்க. போறப்ப துண்டு எடுத்துக்குங்க, பனி பேயுது." அவள் இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. திம்மராயனுக்கு அது உறைக்கவில்லை.

பேய்க்கு ஒரு வரலாறும் கொடுத்தார். முன்னொரு காலத்தில் அந்தப் பாறையடியில் சுங்கம் வாங்கிய ஒருவன். தாகத்தோடு வந்த பிள்ளைத்தாச்சியைக் காசில்லை என்று திருப்பி அனுப்பியவன். செத்தும் நீட்டிய கையை மடக்க முடியாமல் அலைகிறான். இதை லால் பாஷாவின் டீக்கடையில் காலையில் சொன்னார். சாயங்காலத்துக்குள் அது பேரிகை ஊர் வரை போய்த் திரும்பியது.

"திம்மராயண்ணே, கேட்டீங்களா?" லால் பாஷா குரலைத் தாழ்த்தினார். "இடது கையில ஆறு வெரலாம்."

"யாரு சொன்னா?"

"பாத்தவங்க சொல்றாங்கண்ணே."

ஆறு விரலை அவர் சொல்லவில்லை. இருக்கட்டும், ஜனங்கள் சேர்த்துக்கொண்டது என்று நினைத்துக்கொண்டார். ஆனால் அன்று டீ முழுவதுமாக இறங்கவில்லை.

தினமும் கேட் பூட்டியதும் கம்பிக்கடியில் நுழைந்து, பாறை மறைவில் உட்கார்ந்து, காலிப் பானைக்குள் வாயை வைத்து ஊளையிட்டார். ரோட்டில் போகிற மாட்டுவண்டிகள் ஓட்டம் பிடித்தன. இரண்டு நாள் அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை. மூன்றாம் நாள் கவனித்தார். புளி பழுத்துத் தொங்குகிறது. ஒரு குரங்கு இல்லை. அடைகிற பறவை ஒன்றும் இல்லை. அவர் ஊளையிட்டால் பாறை திருப்பிச் சொல்லும். அன்று அது சற்றுத் தாமதித்துச் சொன்னது, எதையோ யோசித்துவிட்டுச் சொன்னதுபோல.

ஐந்தாம் நாள், காய்ந்த பாறையில் ஈரக் காலடிகள். சுனையிலிருந்து ஏறி கேட் வரை போயிருந்தன. திரும்பி வந்த தடம் இல்லை. சிறிய பாதம். அவர் பார்த்துக்கொண்டிருந்தபோதும் அந்த ஈரம் உலரவில்லை.

ஏழாம் நாள் அவர் ஊளையிடவே இல்லை. பானையை வாயருகே கொண்டுபோகும் முன் சுனைப் பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. பயமுறுத்தும் குரல் அல்ல. வீட்டு வாசலில் விருந்தாளியைப் பார்த்த குரல்.

"எவரதி? லோபலிகி ரா."

யாரது, உள்ளே வா என்கிறது. அவர் படைத்தது ஆண், அதுவும் தமிழன். இது தெலுங்கில் கூப்பிடுகிறது. அவர் அப்போது தோப்பின் நட்டநடுவில் இருந்தார். இதற்கு மேல் உள்ளே என்றால் எங்கே? சுனைத் தண்ணீர் மட்டும் மெல்ல ஒதுங்கி வழிவிட்டதுபோல அசைந்தது.

பானை அங்கேயே உடைந்தது. முள்கம்பியில் வேட்டியில் பாதி நின்றுவிட்டது.

வீட்டில் மங்கம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "என்னங்க, மறியலா?"

"தடியடி," என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். படுத்ததும்தான் ஒன்று புரிந்தது. மங்கம்மா பிறந்தது பேரிகைப் பக்கம். அவள் வீட்டில் தெலுங்குதான். ஆக, கூப்பிட்டது இவளேதான்! பயம் இறங்கிக் கோபம் ஏறியது. ஏலம் முடியட்டும், கேட்டுக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தூங்கினார்.

ஏலத்தன்று போர்டு ஆபீஸ் முன்னால் மூன்று ஊர் ஜனமும் கூடியது. வேடிக்கை பார்க்கத்தான். சென்னகிருஷ்ணனுக்குக் காய்ச்சல் என்று சேதி வந்தது. தலைவர் வெங்கடப்பன் கூட்டத்தைப் பார்த்தார்; கூட்டம் தரையைப் பார்த்தது. பின்வரிசையில் திம்மராயன் மார்பை நிமிர்த்தினார். முப்பதாம் வருஷத்திலிருந்து அவர் காத்திருந்த நாள் இதுதான்.

"பதினோரு ரூபா," என்றது ஒரு குரல்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மங்கம்மா முன்னால் வந்தாள்.

"ஒருதரம். ரெண்டுதரம்." வெங்கடப்பனுக்கு ஏதாவது வந்தால் போதும் என்ற நிலை. "மூணுதரம்!"

திம்மராயன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினார். "துரோகி! ஜனங்ககிட்ட ஓரணா வாங்கப் போறியா?"

"மெதுவாப் பேசுங்க. கட்டணம் வாங்கலாம்னுதான் நிபந்தனையில இருக்குது. வாங்கணும்னு எங்க இருக்குது? படிச்சுப் பாத்தீங்களா?"

அவர் படிக்கவில்லை. எதிர்ப்பதற்கு எதற்குப் படிக்க வேண்டும்?

"எனக்குப் புளி போதும், எருமைக்குப் புல்லு போதும். ஜனங்க சும்மா வந்துட்டுப் போவட்டும். காவலாள் கட்டாயம் வெக்கணும், அவன் உள்ள இருந்தா எட்டு மணி வரைக்கும் கேட்டு தெறந்து வெக்கலாம்னு ஆறாவது நிபந்தனை. நீங்க கேட்டதும் அதுதான?"

அவர் கேட்டது அத்தனையும் பதினோரு ரூபாயில் கிடைத்துவிட்டது. மிச்சமிருந்த ஒரே கணக்கையாவது தீர்த்துக்கொள்ள நினைத்தார்.

"எல்லாம் சரி. சுனைகிட்ட நின்னுக்கிட்டு தெலுங்குல கூப்புட்டது நீதான?"

"நானா? வெளக்கு வெக்கிற நேரத்துல எரும கறப்பனா, அங்க வருவனா?" மங்கம்மாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. "யாருங்க கூப்புட்டாங்க? என்னன்னு கூப்புட்டாங்க?"

அவர் சுனைத்தோப்பு இருந்த திசையைத் திரும்பிப் பார்த்தார்.

கிளார்க் நாராயணப்பன் கையெழுத்துக் காகிதத்தோடு எழுந்தார். "காவலாள் பேர் இப்பவே எழுதணும். இல்லேன்னா ஏலம் ரத்து. அடுத்த வாரம் மறு ஏலம்."

மறு ஏலம் என்றால் சென்னகிருஷ்ணனுக்குக் காய்ச்சல் இறங்கிவிடும். மங்கம்மா கூட்டத்தைப் பார்த்து ஆள் கேட்டாள். மாதம் எட்டுப் படி ராகி என்றாள், பத்துப் படி என்றாள். மூன்று ஊரிலும் அந்தி சாய்ந்த பின் அந்தத் தோப்புக்குள் கால் வைக்க ஒருவரும் இல்லை. அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தார் அவள் புருஷன்.

அவள் கிளார்க்கின் மேசையருகே குனிந்து மெதுவாக ஏதோ சொன்னாள். அவர் எழுதினார். மை உலர ஊதினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சாட்சிகள் பக்கம் திரும்பி உரக்கப் படித்தார்:

"குத்தகைதாரர், மங்கம்மா. தினமும் காலை ஆறு மணி முதல் இரவு எட்டு மணி வரை, தோப்புக்கு உள்ளேயே, தன்னந்தனியாக இருக்க வேண்டிய காவலாள்..." நாராயணப்பன் நிமிர்ந்து பார்த்தார். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. "...திம்மராயன்."