குடும்ப வாகன மேம்பாடு தொடர்பாக

நகராட்சி வேகத்தடைப் பிரிவின் கண்காணிப்பாளரிடம் ஒரு கார் இருந்தது. அதை அவர் ஓட்டுவதற்காக வைத்திருக்கவில்லை. மேம்படுத்துவதற்காக வைத்திருந்தார்.

நான்கு ஆண்டுகளாக அது மேம்பட்டுக்கொண்டே இருந்தது. முதலில் அகலமான சக்கரங்கள் வந்தன. அவை பக்கவாட்டில் உரசியதால் வண்டியின் உடம்பையே அகலப்படுத்த வேண்டியதாயிற்று. அகலமான வண்டி உயரமாக நின்றால் பார்க்கச் சகிக்காது என்று, ஸ்பிரிங்கை மாற்றித் தரையோடு தரையாக இறக்கினார். பின்னால் ஓர் இறக்கை முளைத்தது. அதிவேகத்தில் வண்டி மேலே கிளம்பிவிடாமல் அது அமுக்கிப் பிடிக்குமாம். வண்டி அந்த வேகத்தில் போனதே இல்லை. தாழ்த்திய நாளிலிருந்து தெருவைத் தாண்டிக்கூடப் போனதில்லை. ஒவ்வொரு செலவுக்கும் அதற்கு முந்தைய செலவே காரணம். அலுவலகத்திலும் கோப்புகள் அப்படித்தான் நகர்ந்தன என்பதால் இதில் அவருக்கு விசித்திரமாக எதுவும் படவில்லை.

பட்டது அவர் மனைவிக்கு. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை பார்க்கிறவள். இடுப்பு வலியோடு பேருந்தில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தால், நுழைய விடாமல் வாசலில் இந்த வண்டி நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் முன்னால் வந்து நின்றாள்.

"நாலு வருஷமா இதுல கொட்டின காசுக்கு ஒரே ஒரு நியாயம் சொல்லுங்க. வாயால வேண்டாம், எழுத்துல குடுங்க."

எழுத்தில் என்றதும் கண்காணிப்பாளருக்கு உயிர் வந்தது. மாலைக்குள் மூன்று பக்கக் குறிப்பு தயார். பந்தய இருக்கைகள் முதுகெலும்பை நிமிர்த்துவதால் குடும்பத்தின் மருத்துவச் செலவு வருங்காலத்தில் குறையும் என்றும், சைலன்சரின் முழக்கம் அக்கம்பக்கத்தாரை அதிகாலையில் எழுப்புவதால் பொதுநலன் பேணப்படுகிறது என்றும், இறக்கையின் மேல் துணி உலர்த்த வாய்ப்புள்ளது என்றும், மேற்படி மேம்பாட்டை இடையில் நிறுத்தினால் இதுவரை செய்த செலவு முழுவதும் வீணாகும் என்றும் அதில் கண்டிருந்தது. அடியில் 'தங்கள் மேலான பரிசீலனைக்கு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

அவள் ஒரு வரி விடாமல் படித்தாள்.

"சரி, முதுகு நிமிருதான்னு பாத்துடலாம். வர்ற ஒண்ணாந்தேதி என்னை இதுல உக்கார வச்சு தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. இருபது நிமிஷம். போய்ச் சேந்துட்டா வண்டி இருக்கட்டும். சேரலைன்னா அன்னிக்கே வித்துடணும்."

முப்பது வருடம் அலுவலகத்தில் குப்பை கொட்டியதற்கு கண்காணிப்பாளருக்கென்று மிஞ்சிய ஒரே சந்தோஷம் அந்த வண்டிதான். அதை இழப்பதை அவரால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

இடைஞ்சல் தெருமுனையில் இருந்த வேகத்தடை. வண்டியின் வயிறு அதில் தட்டும். மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, வண்டியைத் தூக்க வேண்டும் அல்லது தடையை இறக்க வேண்டும், மூன்றாவது வழி கிடையாது என்றார். வண்டியைத் தூக்கினால் தாழ்த்திய காசு தண்டம். தடையை இறக்கலாம் என்றால், போட்ட தடையின் உயரத்தை எக்காரணம் கொண்டும் குறைக்கலாகாது என்ற சுற்றறிக்கையை எழுதியவரே கண்காணிப்பாளர்தான். அதே தடையைப் பற்றி ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவர் மனுக் கொடுத்தபோது, நோயாளிகள் நிதானமாகச் செல்வதே உடலுக்கு உகந்தது என்று பதில் அனுப்பியவரும் அவர்தான்.

மறுநாள் அவர் முகம் வாடியிருந்ததைப் பார்த்து உதவிப் பொறியாளர் விசாரித்தார். ஓய்வுபெற ஆறு மாதம் இருந்த மனிதர்; விதிகள் அத்தனையும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

"வேகத்தடையத் தொடக் கூடாதுன்னுதான் சார் விதி. ரோட்டத் தொடக் கூடாதுன்னு எங்கயும் இல்லையே."

"ரோட்டத் தொட்டு என்ன பண்றது?"

"தடை உயரத்துக்கு ரோட்ட ஏத்திடலாம் சார். தடை அப்படியே இருக்கும். கண்ணுக்குத்தான் தெரியாது, அவ்வளவுதான்."

தெருவிளக்கை எரியவைக்கச் சொல்லி அந்தத் தெருவினர் நான்கு வருடம் நடையாய் நடந்தும் அது இன்னும் எரியவில்லை. ரோடு எட்டே நாளில் உயர்ந்தது. நிதியாண்டு முடியப்போகிற நேரம். பணத்தைச் செலவழிக்க அலுவலகமே தவித்துக்கொண்டிருந்தது. ஒப்பந்தக்காரரும் தாராள மனசுக்காரர். அரை அடி கேட்டதற்கு முக்கால் அடி போட்டார். தெருவினருக்கு ஒரே பூரிப்பு. வாசல்படிகளில் ஒன்று ரோட்டுக்குள் போய்விட்டதைக் கூட யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒன்றாம் தேதி காலை மனைவி கைப்பையோடு பந்தய இருக்கைக்குள் இறங்கினாள். சைலன்சர் முழங்கியது. வண்டி வீட்டு வாசலைக் கடந்து ரோட்டில் ஏற வேண்டும். ரோடு இப்போது வாசலை விட உயரம். முன் பம்பர் ரோட்டின் விளிம்பில் போய்க் கவ்விக்கொண்டது. கண்காணிப்பாளர் இன்னும் கொஞ்சம் அழுத்தினார். வண்டி கோணலாகத் திரும்பி, அகலப்படுத்திய உடம்பு இரண்டு கேட் தூண்களுக்கும் நடுவில் கச்சிதமாகச் செருகிக்கொண்டது. கதவைத் திறக்க இடமில்லை. மனைவி டிக்கிக் கதவு வழியாகத் தவழ்ந்து, இறக்கைக்கு அடியில் நுழைந்து வெளியே வந்தாள்.

"தரகருக்குப் போன் பண்ணுங்க," என்று மட்டும் சொன்னாள்.

தரகர் மாலையில் வந்தார். கிரேன் வைத்துத்தான் எடுக்க முடியும், கிரேன் வாடகை வண்டியின் விலையை விட அதிகம் என்று சொல்லிவிட்டுப் போனார். கண்காணிப்பாளர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டார்.

அந்த வாரமே கோடை மழை கொட்டித் தீர்த்தது. ரோட்டுத் தண்ணீர் மொத்தமும் பள்ளத்தில் கிடந்த வீடுகளுக்குள் இறங்கியது. கட்டில்கள் நனைந்தன, குளிர்சாதனப் பெட்டிகள் மிதந்தன. தெருவில் ஒரே ஒரு வீடு மட்டும் காய்ந்து கிடந்தது. பம்பர் விளிம்பைக் கவ்வியிருந்தது, உடம்பு தூண்களை அடைத்திருந்தது, மிச்ச இடுக்குகளில் மனைவி பழைய துணியைத் திணித்திருந்தாள். முழங்கால் தண்ணீரில் நின்ற அண்டைவீட்டார் அந்த வண்டியைப் பார்த்த பார்வையில் முதல் தடவையாக மரியாதை இருந்தது.

ரோட்டை இறக்கச் சொல்லி தெருவே கையெழுத்துப் போட்டு மனு அனுப்பியது. இறக்கினால் உயர்த்திய செலவு வீணாகும் என்று பதில் வந்தது. வேறு வழியில்லாமல் வீட்டுக்கு வீடு ஒரு பழைய கார் வாங்கி, அகலப்படுத்தி, தாழ்த்தி, வாசலில் செருகினார்கள். அதே தெருவில் மெக்கானிக் ஒரு கிளை திறந்தார். இப்போது வேலைக்குப் போகிறவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பானெட்டில் ஏறி மறுபக்கம் குதிக்கிறார்கள். கண்காணிப்பாளர் மனைவியும் அப்படிக் குதித்துத்தான், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பேருந்து ஏறித் தங்கை வீட்டுக்குப் போனாள். போய் உட்கார்ந்ததும், தன் வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்று பெருமை அடித்துக்கொண்டாள்.

ஆண்டறிக்கையில் அலுவலகம் இப்படி எழுதியது: 'சாலை உயர்த்தப்பட்ட ஒரே ஆண்டில் மேற்படி தெருவில் கார் வைத்திருக்கும் குடும்பங்கள் மூன்றிலிருந்து இருபத்தேழாக உயர்ந்துள்ளன. வளர்ச்சிக்கு வேறு சான்று தேவையில்லை.'

அறிக்கை வெளியான மறுநாள் அடுத்த தெருக்காரர்கள் கூட்டமாகக் கண்காணிப்பாளர் அறைக்கு வந்தார்கள். பார்த்தாலே கோபம் தெரிந்தது.

"உங்க தெருவுல வீட்டுக்கு ஒரு கார் நிக்குது. நாங்க மட்டும் என்ன சார் பாவம் பண்ணோம்? எங்க ரோட்டையும் ஏத்திக் குடுங்க."

ரோட்டை ஏற்றினால் வீட்டுக்குள் தண்ணீர் வருமே என்று, கண்காணிப்பாளரே மனசு கேட்காமல் எடுத்துச் சொன்னார். அவர்கள் மனுவோடு சேர்த்து ஒரு கட்டுக் காகிதத்தை மேஜையில் வைத்தார்கள். தாழ்த்திய கார்களுக்கு மெக்கானிக்கிடம் எல்லோரும் ஏற்கெனவே பணம் கட்டிய ரசீதுகள்.

"தண்ணி வரலைன்னா இந்தக் காசெல்லாம் வீணாப் போயிடுமே சார்," என்றார்கள்.